மூன்று கைப்பிடி மண் போதும்

காட்பாடியிலிருந்து ஒரு வாசகி: "அபார்ட்மென்டில் இருக்கிறோம். மகளுக்கு 6 வயது, மகனுக்கு 9. மண்ணைப் பற்றிப் பாடத்தில் படிக்கிறார்கள், ஆனால் தொட்டுப் பழக்கமில்லை. வீட்டிலேயே என்ன செய்யலாம்? கிருமி பயமும் இருக்கிறது."

கடையில் எதுவும் வாங்காதீர்கள். ஒரே ஒரு மண்ணை வைத்துக்கொண்டு பிள்ளைக்கு ஒன்றும் புரியாது, பக்கத்தில் வேறொன்று இருந்தால்தான் கேள்வி வரும். அதற்கு வேலூர்ப் பக்கம் நல்ல வசதி. வறண்ட பாலாற்றில் மணல், மலையடிவாரத்தில் செம்மண், வற்றிய ஏரியில் களிமண். ஒவ்வொன்றிலும் ஒரு கைப்பிடி. எங்கே எடுத்தது என்று பிள்ளைகளே சீட்டு எழுதி ஒட்டட்டும்.

முதலில் தண்ணீர் தெளித்துப் பிசைந்து, விரலிடுக்கில் நாடா மாதிரி நீட்டச் சொல்லுங்கள். மணல் உதிரும், களிமண் அறுபடாமல் நீளும். கரிகிரியில் பானை வனைபவர்கள் ஏன் களிமண்ணைத் தேடுகிறார்கள் என்பது அப்போதே தெரிந்துவிடும்.

அப்புறம் பாட்டில். இதை அவசரப்படாமல் செய்யுங்கள். மூன்று மண்ணிலும் கொஞ்சம் கொஞ்சம் கலந்து, கண்ணாடி பாட்டிலில் மூன்றில் ஒரு பங்கு போட்டு, தண்ணீர் நிரப்பி, ஒரு சிட்டிகை சோப்புத் தூள் சேர்த்து நன்றாகக் குலுக்கி, யாரும் கை வைக்காத இடத்தில் வையுங்கள். சோப்புத் தூளை விட்டுவிடாதீர்கள், ஒட்டிக் கிடக்கும் களிமண்ணைப் பிரிப்பது அதுதான். ஓரிரு நிமிடத்தில் மணல் அடியில் படிந்துவிடும். சில மணி நேரத்தில் அதன்மேல் வண்டல். களிமண் மட்டும் மறுநாள்கூடத் தண்ணீரைக் கலங்கலாகவே வைத்திருக்கும், ஏனென்றால் அதன் துகள் 0.002 மில்லிமீட்டருக்கும் சிறியது. மேலே மிதப்பது மக்கும் இலைத்தூள். பாட்டிலில் காகிதம் ஒட்டி, படியப்படிய மகன் கோடு போட்டு நேரம் எழுதட்டும். மகளுக்குப் பார்த்துக்கொண்டிருப்பதே போதும்.

ஓவியத்துக்கு மண்ணைக் காயவைத்து, குழவியால் பொடித்து, பழைய வேட்டித் துணியில் சலியுங்கள். ஒரு ஸ்பூன் ஃபெவிகாலுக்கு இரண்டு ஸ்பூன் தண்ணீர் ஊற்றிக் குழைக்க வேண்டும். பசை இல்லாவிட்டால் காய்ந்ததும் உதிரும். கெட்டி அட்டையில் விரலாலேயே வரையட்டும். கோலத்துக்குப் பூசும் செம்மண்ணின் சிவப்பு இரும்புத் துருவின் நிறம்தான் என்பதை வரையும்போதே சொல்லுங்கள், மறக்காது. பளிச்சென்று தெரிய வேண்டும் என்று கடைப் பெயின்டைக் கலக்காதீர்கள், அப்புறம் மண்ணின் நிறம் கண்ணில் படாது.

கிருமி விஷயம். சாக்கடை ஓரம், நாய் அசிங்கம் செய்யும் இடம், தோல் தொழிற்சாலைக் கழிவு சேர்ந்த நிலம் மூன்றும் வேண்டாம். கடைசியது ராணிப்பேட்டை, வாணியம்பாடிப் பக்கம் முக்கியம், குரோமியம் தங்கியிருக்கும். கொக்கிப்புழு வெறுங்காலில் ஏறும், செருப்பு கட்டாயம். நகம் வெட்டி, காயத்தை மூடி, முடிந்ததும் சோப்புப் போட்டுக் கழுவினால் போதும். மண்ணிலிருந்து காயம் வழியாக வரும் ரண ஜன்னியைத் தடுக்க, மகளுக்கு 5 வயது டிபிடி பூஸ்டர் போட்டாயிற்றா என்று தடுப்பூசி அட்டையைப் பாருங்கள். மகனுக்கு 10 வயதில் அதே ரண ஜன்னிக்கான டிடி (Td) ஊசி வரும்.