நல்ல மேலாளர், மோசமான மேலாளர்: இருவரிடமும் எப்படி வேலை பார்ப்பது?

"முதல் மேலாளர் தங்கமானவர். அவர் போனபின் வந்தவர் நேரெதிர். இரண்டு பேரிடமும் எப்படி நடந்துகொள்ள வேண்டும்?" என்பது கேள்வி. சென்னை, கோவை போன்ற ஊர்களின் ஐ.டி. மற்றும் சேவை நிறுவனங்களை மனத்தில் வைத்துப் பதில் எழுதுகிறேன். அரசு அலுவலக விதிகள் வேறு. அவை இதில் வராது.

நல்ல மேலாளரிடமிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் ஏமாற்றம் அதிகம் நடப்பது அங்கேதான். "சார் பாத்துப்பார்" என்று பலர் எல்லாவற்றையும் அவர் பொறுப்பில் விட்டுவிடுவார்கள். அவர் பிப்ரவரியில் வேறு கம்பெனிக்குப் போய்விடுவார், ஆண்டு மதிப்பீடான அப்ரைசல் மார்ச்சில் நடக்கும். புதிதாக வந்தவருக்கு உங்கள் பெயரே அப்போதுதான் தெரியும். "இந்த வருஷம் உனக்கு புரமோஷன் போட்டுடலாம்" என்று பழையவர் சொன்னது எந்தப் பதிவிலும் இருக்காது. நல்லவர் சொன்ன வாக்கு அவரோடு போய்விடும், எழுத்தில் உள்ளது மட்டும் தங்கும். அதனால் அவர் அப்படிச் சொன்ன அன்றே நன்றி சொல்லும் பாணியில் ஒரு மெயில் போடுங்கள்: "இன்று பேசியபடி, டெஸ்டிங் டீமை நான் தனியாக நடத்தி ஜூன் ரிலீஸை முடித்தால் அடுத்த நிலைக்குப் பரிந்துரைப்பதாகச் சொன்னீர்கள். அதற்கேற்பத் திட்டமிடுகிறேன்." நல்ல மேலாளர் இதற்குக் கோபப்பட மாட்டார், ஒரு வரியில் பதில் போடுவார். அந்த ஒரு வரி போதும்.

இன்னொன்றையும் புரிந்துகொள்ள வேண்டும். பெரிய நிறுவனங்களில் ரேட்டிங்கை உங்கள் மேலாளர் தனியாக முடிவு செய்வதில்லை. பத்துப் பதினைந்து மேலாளர்கள் ஓர் அறையில் உட்கார்ந்து, மேல் ரேட்டிங் இத்தனை சதவீதத்துக்குத்தான் என்ற வரம்புக்குள் அவரவர் ஆட்களுக்காகப் பேசுவார்கள். அந்த அறையில் நீங்கள் இருக்க மாட்டீர்கள். "நல்ல பையன், நல்லா வேலை செய்வான்" என்ற வாதம் அங்கே நிற்காது. "மாதக் கணக்கு முடிக்கும் வேலை நான்கு நாளில் நடந்தது, இவர் எழுதிய ஸ்கிரிப்டுக்குப் பிறகு ஒன்றரை நாளில் முடிகிறது" என்பது நிற்கும். உங்களுக்காகப் பேச மனமுள்ள மேலாளருக்கு இந்த வரிகளை எடுத்துக் கொடுப்பது உங்கள் வேலை. ஐந்து வரி போதும்: என்ன செய்தீர்கள், முன்பு எப்படி இருந்தது, இப்போது எப்படி, யாருக்குப் பயன், யார் பாராட்டினார்கள். அப்ரைசல் படிவம் திறக்கும் நாளில் யோசித்தால் கடைசி இரண்டு மாத வேலை மட்டும்தான் ஞாபகம் வரும். வெள்ளிக்கிழமைதோறும் பத்து நிமிடம் ஒதுக்கி, தேதியோடு மூன்று வரி எழுதி வைத்துக்கொண்டே வாருங்கள்.

யார் நல்ல மேலாளர் என்பதைப் பேச்சின் இனிமையை வைத்து முடிவு செய்யாதீர்கள். கிளையன்ட் கோபமாக மெயில் போட்ட அன்று பாருங்கள். தானே பதில் எழுதுகிறாரா, அல்லது உங்கள் பெயரை முன்னால் தள்ளி "இவரிடம் விளக்கம் கேட்டிருக்கிறேன்" என்கிறாரா என்பதில் தெரிந்துவிடும். அதேபோல் உங்கள் வேலையில் உள்ள குறையை அந்த வாரமே முகத்துக்கு நேரே சொல்பவர் நல்லவர். வருடம் முழுக்கச் சிரித்துவிட்டு மார்ச்சில் "கம்யூனிகேஷன் இம்ப்ரூவ் பண்ணணும்" என்று எழுதுபவர், எவ்வளவு அன்பாகப் பேசினாலும் ஆபத்தானவர். இப்படிப்பட்டவரிடம் மூன்று மாதத்துக்கு ஒருமுறை நீங்களாகவே கேளுங்கள்: "சார், இன்னிக்கு ரேட்டிங் போட்டா எனக்கு என்ன போடுவீங்க? ஒரு படி மேல போக எது குறையுது?" பதிலைக் குறித்துக்கொண்டு மெயிலில் திருப்பி அனுப்புங்கள்.

நல்ல மேலாளரின் நம்பிக்கையைக் குலைப்பது பெரும்பாலும் தாமதமாகச் சொல்லப்படும் கெட்ட செய்திதான். வெள்ளிக்கிழமை முடிய வேண்டிய வேலை முடியாது என்பது உங்களுக்குச் செவ்வாயே தெரிந்திருக்கும். செவ்வாயே சொன்னால் ஆள் சேர்க்கவோ கிளையன்டிடம் தேதி மாற்றவோ அவருக்கு வழி உண்டு. வியாழன் இரவு சொன்னால் மன்னிப்புக் கேட்பது மட்டும்தான் அவருக்கு மிச்சம். "ஓகே சார்" என்று தலையாட்டிவிட்டு உள்ளுக்குள் தவிப்பதை மரியாதை என்று நம்மில் பலர் நினைக்கிறோம். அதனால் மாட்டிக்கொள்பவர் அந்த மேலாளர்தான்.

இனி மோசமானவர்கள். எல்லோரையும் ஒரே பெட்டியில் போட்டு "டாக்ஸிக்" என்று சொல்லிவிட்டால் எதையும் சரிசெய்ய முடியாது. திறமை போதாதவர், பயந்தவர், சுயநலக்காரர், வதைப்பவர் என்று பிரித்துப் பாருங்கள். முதல் இரண்டு பேரை நடத்திக்கொண்டு போகலாம். மூன்றாமவரிடம் எச்சரிக்கை வேண்டும். நான்காமவரைவிட்டு வெளியேறும் வழியைத் தேட வேண்டும்.

முடிவே எடுக்காத, அல்லது காலையில் ஒன்றும் மாலையில் ஒன்றும் சொல்லும் மேலாளரிடம் "எப்படிச் செய்யலாம்?" என்று திறந்த கேள்வி கேட்கக் கூடாது. நீங்களே முடிவை எழுதி, மறுக்க ஒரு கெடு கொடுங்கள்: "ரிப்போர்ட்டை மாவட்ட வாரியாகப் பிரித்துத் தயாரிக்கிறேன். மாற்றம் இருந்தால் புதன் மாலை 5 மணிக்குள் சொல்லுங்கள். வியாழன் காலை தொடங்குகிறேன்." பிறகு அவர் மாற்றினாலும் தாமதத்துக்குக் காரணம் யார் என்பது அந்த மெயிலில் இருக்கும். வேலைமேல் வேலை கொடுப்பவரிடமும் "முடியாது" என்ற சொல் தேவையில்லை. கையில் உள்ளவற்றை நாள் கணக்கோடு எழுதி, "இதை நாளை தொடங்கினால் இன்வாய்ஸ் வேலை திங்கள்வரை தள்ளிப்போகும். எது முதலில் வேண்டும்?" என்று கேளுங்கள். இதை வாட்ஸ்அப்பில் கேட்டு வாட்ஸ்அப்பிலேயே முடித்துவிடாதீர்கள். பதில் வந்ததும் மெயிலில் ஒரு வரி போட்டுவிடுங்கள்.

நிமிடத்துக்கு நிமிடம் "என்ன ஆச்சு?" என்று கேட்பவர் பெரும்பாலும் பயந்தவர். மேலே இருப்பவர் திடீரென்று கேட்டால் பதில் இல்லாமல் நிற்போமோ என்ற பதற்றம் அது. அவர் கேட்கும் முன்பே நீங்கள் கொடுத்துவிடுங்கள். காலை 10.30க்கு இன்றைய வேலை, மாலை 5.30க்கு முடிந்தது, முடியாதது, தடை என்று நான்கு வரி. இரண்டு மூன்று வாரம் ஒருநாள் விடாமல் செய்தால் போன் அழைப்புகள் குறையத் தொடங்கும். குறைந்த பிறகு நாளுக்கு ஒருமுறை, பிறகு வாரத்துக்கு இரண்டுமுறை என்று இறக்குங்கள். பலர் தவறவிடுவது இதில்தான்: எரிச்சலில் தகவலைக் குறைக்கிறார்கள், அவர் பயம் கூடுகிறது, கண்காணிப்பும் கூடுகிறது.

உங்கள் உழைப்பைத் தன் பெயரில் காட்டுபவரிடம் சண்டை போட்டு மீட்க முடியாது. வேலை முடிந்தபின் உரிமை கேட்பது பொறாமைபோலத் தெரியும். தொடக்கத்திலேயே தடம் பதியுங்கள். திட்டக் குறிப்பை நீங்கள் எழுதி, வேலை சம்பந்தப்பட்ட எல்லோருக்கும் நகல் போட்டு அனுப்புங்கள். கோப்பின் முதல் பக்கத்தில் தயாரித்தவர் பெயரும் தேதியும் இருக்கட்டும். டெமோ காட்டும் நாளில் "நான் ஸ்கிரீன் ஷேர் பண்றேன் சார்" என்று முந்திக்கொள்ளுங்கள். மற்ற டீமில் உள்ளவர்களுக்கு நேரடியாக உதவி செய்யுங்கள். அவர்கள் வாயிலிருந்து வரும் உங்கள் பெயரை மேலாளரால் அழிக்க முடியாது.

எல்லோர் முன்னாலும் கத்துபவரிடம் அந்த இடத்தில் வாதம் வேண்டாம். தாழ்ந்த குரலில், "தப்பு இருக்கு சார், சரி பண்ணிடறேன். மத்ததைத் தனியா பேசலாம்" என்று நிறுத்துங்கள். தனியாகப் பேசும்போது குணத்தைப் பற்றிப் பேசாமல் அன்று நடந்ததை மட்டும் சொல்லுங்கள்: "நேத்து மீட்டிங்ல 'மூளை இருக்கா'ன்னு கேட்டீங்க. தப்பைச் சொல்லுங்க, திருத்திக்கிறேன். அந்த வார்த்தை வேண்டாம்." சிலர் இதோடு நிறுத்திக்கொள்வார்கள். நிறுத்தாவிட்டால் தேதி, நேரம், சொன்ன வார்த்தை, யார் இருந்தார்கள் என்று குறிப்பு வைக்கத் தொடங்குங்கள். இந்தக் குறிப்பு உங்கள் சொந்த நோட்டில் இருக்கட்டும். ஆத்திரத்தில் அலுவலக மெயில்களை மொத்தமாக ஜிமெயிலுக்கு அனுப்பிவிடாதீர்கள். தகவல் கசிவு என்று உங்கள்மேலேயே நடவடிக்கை எடுக்க அது நல்ல காரணமாகிவிடும், உங்கள் புகார் பின்னுக்குப் போய்விடும்.

ஹெச்.ஆரிடம் போவதானால் ஒரு பக்கத்துக்கு மேல் வேண்டாம். மூன்று நான்கு சம்பவங்கள், தேதியோடு. அதனால் வேலைக்கு என்ன பாதிப்பு. நீங்கள் கேட்பது என்ன (டீம் மாற்றமா, மேலாளரின் மேலாளரோடு சந்திப்பா). "கொடுமைக்காரர்", "சைக்கோ" போன்ற சொற்கள் ஒன்றுகூட இருக்கக் கூடாது. ஹெச்.ஆர். நிறுவனத்தின் ஆள், நிறுவனத்துக்கு என்ன இழப்பு என்ற கோணத்தில்தான் படிப்பார். "ஆறு மாதத்தில் இந்த டீமிலிருந்து நான்கு பேர் விலகியிருக்கிறார்கள்" என்ற வரி உங்கள் கண்ணீரைவிட வேகமாக வேலை செய்யும். இது நியாயம் என்று நான் சொல்லவில்லை, நடைமுறை அப்படி.

பாலியல் தொல்லை என்றால் மேலே சொன்ன சமாளிப்பு எதுவும் பொருந்தாது. பெண்களைப் பணியிடப் பாலியல் தொல்லையிலிருந்து காக்கும் 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி, பத்து அல்லது அதற்கு மேல் ஊழியர் உள்ள எந்த இடத்திலும் புகாரை விசாரிக்க உள்ளகக் குழு இருக்க வேண்டும். அதன் தலைவர் பெண்ணாக இருக்க வேண்டும், வெளியிலிருந்து ஓர் உறுப்பினரும் இருக்க வேண்டும். சம்பவம் நடந்த மூன்று மாதத்துக்குள் எழுத்தில் புகார் கொடுக்க வேண்டும், தகுந்த காரணம் இருந்தால் குழு மேலும் மூன்று மாதம் அனுமதிக்கலாம். விசாரணை 90 நாளில் முடிய வேண்டும். அதுவரை உங்களையோ குற்றம் சாட்டப்பட்டவரையோ இடம் மாற்றவும், உங்களுக்கு மூன்று மாதம்வரை விடுப்பு தரவும் குழு பரிந்துரைக்கலாம். பத்துப் பேருக்குக் குறைவான இடம் என்றால், அல்லது முதலாளியே குற்றம் சாட்டப்பட்டவர் என்றால், மாவட்ட அளவிலான குழுவிடம் போகலாம். "முதலில் அவரிடம் பேசிப் பாருங்கள்" என்று ஹெச்.ஆர். சொன்னால் அதைக் கேட்க வேண்டியதில்லை.

பி.ஐ.பி. எனப்படும் செயல்திறன் மேம்பாட்டுத் திட்டத்தில் உங்களைப் போட்டால், பெரும்பாலும் 30 முதல் 90 நாள் கெடு இருக்கும். காகிதத்தில் கையெழுத்துக் கேட்டால் "பெற்றுக்கொண்டேன், உள்ளடக்கத்தை ஏற்கவில்லை" என்று எழுதித் தேதி போடுங்கள். "தரம் உயர வேண்டும்" போன்ற அளக்க முடியாத இலக்குகளை எண்ணாக மாற்றித் தரும்படி இரண்டு மூன்று நாளில் மெயிலில் கேளுங்கள். வாராவாரம் பரிசீலனைக் கூட்டம் முடிந்ததும் அவர் சொன்னதை எழுதி அனுப்புங்கள். அதே நாளில் வேறு வேலையும் தேடத் தொடங்குங்கள். ஒரு நாள் அறைக்குக் கூப்பிட்டு "இப்பவே ரிசைன் பண்ணிடுங்க, ரெக்கார்டு க்ளீனா இருக்கும்" என்பார்கள். அந்த நாற்காலியில் உட்கார்ந்து எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள். "யோசிச்சு மெயில்ல சொல்றேன்" என்று எழுந்து வந்துவிடுங்கள். தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம், 1947இன் 41ஆம் பிரிவுப்படி, ஆறு மாதம் தொடர்ந்து வேலை பார்த்தவரை நியாயமான காரணம் இல்லாமலும், ஒரு மாத நோட்டீஸோ அதற்கான சம்பளமோ இல்லாமலும் நீக்க முடியாது. நீக்கினால் மேல்முறையீடு உண்டு. விசாரணையில் நிரூபணமான ஒழுங்கீனத்துக்கு நோட்டீஸ் தேவையில்லை. நிர்வாகப் பதவியில் இருப்பவர்களுக்கு இந்தப் பிரிவு பொருந்தாது. நீங்களே ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டால் இந்தப் பாதுகாப்பு கைவிட்டுப் போகும்.

நீங்களாக விலகுவதானால் கோபத்தில் தேதி குறிக்காதீர்கள். நிரந்தர ஊழியருக்குப் பணிக்கொடை (கிராஜுவிட்டி) கிடைக்க ஐந்து ஆண்டுத் தொடர் சேவை வேண்டும். கடைசி மாத அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்ந்து 52,000 ரூபாய் என்றால், அதை 26ஆல் வகுத்து 15ஆல் பெருக்கி, ஆண்டுக்கு 30,000, ஐந்தாண்டுக்கு 1,50,000. நான்கு ஆண்டு முடித்து ஐந்தாம் ஆண்டில் 240 நாள் வேலை பார்த்திருந்தாலும் தகுதி உண்டு என்று சென்னை உயர் நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஆனாலும் சில நிறுவனங்கள் வாதாடிப் பார்க்கும், முடிந்தால் ஐந்தை நிறைவு செய்துவிடுங்கள். ராஜினாமா மெயிலை மேலாளருக்கு மட்டும் அனுப்பாமல் ஹெச்.ஆருக்கும் சேர்த்து அனுப்புங்கள், நோட்டீஸ் காலம் அன்றிலிருந்து ஓட வேண்டும். காரணம் "சொந்த வளர்ச்சி" என்று ஒரு வரி போதும். ஒப்படைப்புப் பட்டியலை எழுதி மேலாளரிடம் மெயிலில் ஒப்புதல் வாங்குங்கள். ரிலீவிங் லெட்டரை இழுத்தடிக்கப் பெரும்பாலும் "ஹேண்டோவர் முடியல" என்பதைத்தான் சாக்காகச் சொல்வார்கள். பே-ஸ்லிப், வரிப் பிடித்தச் சான்றான ஃபார்ம் 16 இரண்டையும் போர்ட்டல் மூடும் முன்பே இறக்கிக்கொள்ளுங்கள். அப்பா அம்மா கம்பெனி மருத்துவக் காப்பீட்டில் இருந்தால் அது பெரும்பாலும் கடைசி வேலைநாளோடு முடிந்துவிடும், தனிக் காப்பீட்டை அதற்கு முன்பே எடுங்கள். 2025 நவம்பர் 21 முதல் நடைமுறையில் உள்ள ஊதியச் சட்டத் தொகுப்பின்படி, விலகியவரின் நிலுவைச் சம்பளத்தை இரண்டு வேலைநாளில் தர வேண்டும். "45 நாள் ஆகும்" என்றால் இதைச் சுட்டி மெயில் போடுங்கள். பி.எஃப். கணக்கில் விலகிய தேதியை நிறுவனம் பதியாவிட்டால், கடைசிச் சந்தா கட்டி இரண்டு மாதம் கழித்து நீங்களே போர்ட்டலில் பதியலாம்.

அடுத்த நேர்முகத் தேர்வில் பழைய மேலாளரைப் பற்றிக் குறை பேசாதீர்கள். புது மேலாளரைச் சோதிக்க இரண்டு கேள்வி கேளுங்கள்: "இந்த இடத்தில் முன்பு இருந்தவர் இப்போது எங்கே இருக்கிறார்?", "கடைசியாக ஒரு ரிலீஸ் தவறியபோது டீமில் என்ன நடந்தது?" முதல் கேள்விக்கு "புரமோஷன் ஆகி அடுத்த டீமில் இருக்கிறார்" என்று வந்தால் நல்லது. இரண்டாவதற்கு அவர் ஆட்களின் பெயரைச் சொல்லிக் குறைகூறினால், சம்பளத்தை மட்டும் பார்த்து ஆஃபரில் கையெழுத்துப் போடாதீர்கள். லிங்க்ட்இன்னில் அந்த டீமில் இருந்து விலகிய இரண்டு பேரைத் தேடிப் பிடித்து, பத்து நிமிடம் போனில் பேசிவிட்டு முடிவு செய்யுங்கள்.