இலவச கிரீன் ஃபீயும் எழுபத்து நான்காயிரம் பில்லும்

போன மாதம் மொரீசியஸ் ரிசார்ட் ஒன்றின் கோல்ஃப் பேக்கேஜ் பற்றி ஒரு வாசகர் கேள்விக்கு இந்தப் பகுதியில் நான்கு வரியில் பதில் எழுதியிருந்தேன். அதற்குப் பிறகு, மொரீசியஸில் கோல்ஃப் ஆடப் போனவர்களும் போகப் போகிறவர்களும் எழுதிய கடிதங்களில் சிலவற்றைச் சுருக்கி, என் பதிலோடு தருகிறேன்.

கடற்கரை ரிசார்ட்டில் ஐந்து நாள் பேக்கேஜ். "கிரீன் ஃபீ இலவசம்" என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள். நானும் மனைவியும் நான்கு ரவுண்டு ஆடினோம். அறையைக் காலி செய்யும்போது கோல்ஃபுக்கு மட்டும் 74,000 ரூபாய் பில். இது ஏமாற்று வேலை இல்லையா? – வாசகர், கோவை

ஏமாற்று வேலை என்று நிரூபிப்பது கஷ்டம். ஆனால் உங்கள் கோபம் நியாயமானது. பல வருடமாக எனக்கும் இருக்கும் கோபம் அது.

கிரீன் ஃபீ என்பது மைதானத்தில் காலடி வைக்கக் கொடுக்கும் பணம். அதைத் தள்ளுபடி செய்துவிட்டு, மைதானத்துக்குள் ஓட்டிப் போகும் சிறு வண்டியான கார்ட்டுக்கு ஒரு தொகை, பந்தை அடிக்கும் மட்டைகளான கிளப் செட்டின் வாடகைக்கு ஒரு தொகை, பயிற்சிப் பந்துக் கூடைக்கு ஒரு தொகை என்று வாங்கிவிடுகிறார்கள். அதற்கு மேலே மொரீசியஸின் வாட் வரி 15 சதவீதம். கார்ட் வேண்டாம், நடந்தே ஆடுகிறேன் என்றால் பல ரிசார்ட்டுகளில் விட மாட்டார்கள். அதற்குக் காரணம் இல்லாமல் இல்லை. ஒரு ரவுண்டுக்கு 18 ஹோல், அதாவது குழி; அதற்கு ஆறு கிலோமீட்டர் தூரம், ஒரு ஹோலை முடித்து அடுத்ததற்கு முதல் அடி அடிக்கும் இடமான டீக்குப் போகும் நடை தனி, புழுக்கமான வெயில். ஒரு குழு தாமதித்தால் பின்னால் வருகிற எல்லோரும் நிற்க வேண்டும். இதெல்லாம் எனக்குப் புரிகிறது. ஆனால் கார்ட் கட்டாயம் என்றால் அதன் கட்டணமும் விலைக்குள் வந்தாக வேண்டும். மண்டபம் இலவசம், நாற்காலிக்கும் விளக்குக்கும் கட்டாயக் கட்டணம் என்று ஒரு கல்யாண மண்டபத்துக்காரர் சொன்னால் நீங்கள் அட்வான்ஸ் கொடுப்பீர்களா? கோல்ஃப் என்றதும் நம் ஆட்கள் விலை கேட்கக் கூச்சப்படுகிறார்கள். கேட்டால் வசதி இல்லாதவர் என்று நினைத்துவிடுவார்களாம். அந்தக் கூச்சத்தில்தான் இந்த "இலவசம்" வயிறு வளர்க்கிறது.

புக் செய்வதற்கு முன்னால் மின்னஞ்சலில் ஒரே ஒரு கேள்வி போதும்: "நாங்கள் இருவர், கிளப் கொண்டு வரவில்லை, ஒரு ரவுண்டு ஆடி முடித்து வெளியே வரும்போது வரி உட்பட மொத்தம் எவ்வளவு?" தொகையை எழுத்தில் தராத ரிசார்ட்டுக்குப் பணம் அனுப்பாதீர்கள்.

உங்கள் பில்லை இன்னொரு முறை எடுத்துப் பாருங்கள். இருவரும் ஒரே கார்ட்டில்தான் போயிருப்பீர்கள். கட்டண அட்டையில் "கார்ட் ஒன்றுக்கு" என்று போட்டுவிட்டு இருவர் தலையிலும் எழுதியிருந்தால், பில் நகலை இணைத்துக் கார்ட் தொகையில் பாதியைத் திருப்பிக் கேளுங்கள். இந்தத் தவறை நானே இரண்டு பில்களில் பார்த்திருக்கிறேன்.

ரிசார்ட் இணையதளத்தில் "ரூ." என்றுதான் இருந்தது. வங்கிக் கார்டில் ஏறக்குறைய இரண்டு மடங்கு கழிந்திருக்கிறது. – திருச்சி

அது மொரீசியஸ் ரூபாய். நம் ரூபாயைப் போல இரண்டு மடங்குக்குக் கொஞ்சம் குறைவு. அந்த ஊர் நோட்டில் தமிழ் எழுத்தும் இருக்கிறது. 1998-ல் தமிழை இந்திக்குக் கீழே இறக்கி அச்சடித்தபோது அங்குள்ள தமிழர்கள் போராடி, அந்த நோட்டுகளையே திரும்பப் பெற வைத்தார்கள். நோட்டில் தமிழ் இருந்தாலும் மதிப்பு வேறு. பணம் கட்டும் பக்கத்தில் 'எம்.யு.ஆர்.' (MUR) என்று மொரீசியஸ் ரூபாயின் குறியீடு இருந்திருக்கும். பார்த்திருக்க வேண்டும்.

ப்ரோ ஷாப்பில் (கோல்ஃப் மைதானக் கடையில்) வங்கிக் கார்டு தேய்த்தபோது, இந்திய ரூபாயா உள்ளூர்ப் பணமா என்று மெஷின் கேட்டது. எதை அழுத்துவது? – வேலூர்

உள்ளூர்ப் பணத்தை. இந்திய ரூபாயை அழுத்தினால் மாற்று விகிதத்தை அந்த மெஷின்காரர் வைப்பார், அது உங்களுக்குச் சாதகமாக இருக்காது.

நாங்கள் நான்கு பேர், ஓய்வு பெற்றவர்கள். ஒரே அலுவலகத்தில் முப்பது வருடம் வேலை பார்த்தவர்கள். சேர்த்து வைத்த பணத்தில் ஒரு முறையாவது கடலோரத்தில் ஆட வேண்டும் என்று ஏஜென்ட் மூலம் போனோம். போய்ப் பார்த்தால் எல்லா கிரீனிலும் (குழியைச் சுற்றியுள்ள குட்டைப் புல்தரையில்) ஓட்டை, மேலே மணல். பராமரிப்பு என்று முன்பே ஏஜென்டுக்கு எழுதிவிட்டதாக ரிசார்ட் சொல்கிறது. அந்த மெயிலையும் காட்டினார்கள். ஏஜென்ட் இப்போது போனை எடுப்பதில்லை. – சென்னை

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். நீங்கள் அனுப்பிய படத்தில் கிரீன் முழுக்கப் பென்சில் பருமனுக்கு ஓட்டைகள், விரற்கடை இடைவெளியில், வரிசை வரிசையாக. மண் இறுகிவிடாமல் வேருக்குக் காற்றும் நீரும் போக எல்லா நல்ல மைதானத்திலும் செய்கிற வேலைதான் அது. மணல் இறங்கிப் புல் மூட இரண்டு வாரம் வரை ஆகும். அதுவரை பட்டிங் செய்தால், அதாவது குழியை நோக்கி மெல்லத் தட்டினால், பந்து உருளாது, தத்தித் தத்திப் போகும். மைதானத்தின் மேல் குற்றம் இல்லை, முன்கூட்டியே சொல்லிவிட்டார்கள். தெரிந்தே மறைத்து அந்த வாரத்தை உங்களிடம் விற்றவர் ஏஜென்ட். இது சேவைக் குறைபாடு, அதற்கு மேல் முறையற்ற வணிகம்.

அந்த மெயிலின் நகலை ரிசார்ட்டிடம் உடனே கேட்டு வாங்குங்கள். தேதியோடு அது கையில் இருந்தால் வழக்கில் முக்கால் பங்கு முடிந்த மாதிரி. முதலில் ஏஜென்டுக்குப் பதிவுத் தபாலில் நோட்டீஸ், 15 நாள் அவகாசம். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் புகாரைப் பதியுங்கள். அதற்கும் மசியவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019-ம் வருடச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம், ஏஜென்டின் ஊருக்கு அலைய வேண்டியதில்லை. கொடுத்த பணம் ஐந்து லட்சம் வரை என்றால் கட்டணமும் கிடையாது. வக்கீல் கட்டாயமில்லை. இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். நால்வரும் தனித்தனியாகப் பணம் கட்டியிருந்தால் நால்வருடைய ரசீதும் வேண்டும். மனு எழுதுவதில் சந்தேகம் இருந்தால் எனக்கே எழுதுங்கள், வரிசையில் நிற்க வைக்காமல் பதில் தருகிறேன்.

பிப்ரவரியில் பாதி விலைக்கு, "பணம் திரும்பத் தரப்படாது" என்ற வகையில் புக் செய்தேன். புயல் எச்சரிக்கை வந்து இரண்டு நாள் அறைக்குள்ளேயே கிடந்தோம். அறை வாடகையைத் திருப்பித் தர மறுக்கிறார்கள். – ஈரோடு

பாதி விலைக்கு ஏன் தருகிறார்கள் என்று ஒரு நிமிடம் யோசித்திருக்கலாமே! அங்கே நவம்பர் முதல் ஏப்ரல் வரை புயல் காலம். 2024 ஜனவரியில் பெலால் புயல் வந்தபோது தலைநகர் போர்ட் லூயிஸ் தெருக்களில் கார்கள் மிதந்தன. மூன்றாம் நிலை எச்சரிக்கை கொடுத்துவிட்டால் பஸ் ஓடாது, கடை திறக்காது, ஊரே வீட்டுக்குள் இருக்கும். பணம் திரும்ப வராது என்று எழுதியிருந்ததைப் படித்துத்தானே ஒப்புக்கொண்டீர்கள்? அறையில் தங்கினீர்கள், சாப்பிட்டீர்கள். அந்தப் பணம் போனதுதான். ஆடாமல் போன ரவுண்டுக்கு முன்பணம் கட்டியிருந்தால் அதை மட்டும் கேளுங்கள், கிடைக்க வாய்ப்பு உண்டு. பயணக் காப்பீட்டை டிக்கெட் எடுத்த அன்றே எடுக்க வேண்டும். புயலுக்குப் பெயர் வைத்த பிறகு எடுத்தால் அந்தப் புயலுக்குச் செல்லாது.

ஈல் ஓ செர்ஃப் தீவில் ஆடப் போகிறேன். டஜன் 4,500 ரூபாய் பந்து வாங்கிக்கொண்டு போகலாமா? – மதுரை

வேண்டாம். பெர்ன்ஹார்ட் லாங்கர் வடிவமைத்த மைதானம் அது, படகில்தான் போக வேண்டும். ஒரு பக்கம் காயல், ஒரு பக்கம் கறுத்த எரிமலைப் பாறை. கிழக்குக் கரையில் தென்கிழக்குக் காற்று எந்நேரமும் அடிக்கும், ஜூன் முதல் செப்டம்பர் வரை இன்னும் பலமாக. தண்ணீரில் விழுந்தால் பந்தும் போய் கணக்கில் ஒரு ஸ்ட்ரோக் (அடி) அபராதமும் சேரும். குளத்தில் எடுத்த பழைய பந்தில் முதல் தரமாகப் பார்த்து இரண்டு டஜன் வாங்குங்கள். ஆனால் மறுபூச்சு அடித்த பந்து என்றால் தொடாதீர்கள். விலை மலிவு என்று நான் நாற்பது பந்து வாங்கினேன். மூன்றாவது ஹோலிலேயே வெள்ளைப் பூச்சு செதில் செதிலாக உரிந்து நகக்கண்ணில் ஒட்டியது.

சொந்த கிளப் செட்டை எடுத்துப் போவதா, அங்கே வாடகைக்கு எடுப்பதா? நான் இடது கைக்காரன். – புதுச்சேரி

இடது கை என்றால் சொந்த செட்தான். பல இடங்களில் இடது கை செட் ஒன்றோ இரண்டோ இருக்கும், நீங்கள் போகும் நாளில் அது வேறொருவர் கையில் இருக்கும். விமான நிறுவனம் கோல்ஃப் பையை வழக்கமான எடைக்குள் சேர்க்கிறதா, தனிக் கட்டணமா என்று டிக்கெட்டுக்கு முன்பே கேளுங்கள். பையில் கஞ்சத்தனம் வேண்டாம். நான் 2,200 ரூபாய்க்குத் துணிப் பை வாங்கிப் போனேன். பெல்ட்டில் வந்து விழுந்த பையைத் திறந்தால் டிரைவர் என்கிற நீளமான கிளப்பின் தலை தனியாக உருண்டது. அந்த டிரைவர் 31,000 ரூபாய். கடினமான பெட்டி வாங்குங்கள், அல்லது கிளப்புகளை விட நீளமான ஒரு கம்பை நடுவில் நிறுத்தித் தலைகளைத் துண்டால் சுற்றுங்கள்.

டி-ஷர்ட்டோடு போனதால் உள்ளே விடவில்லை. அங்கேயே மூன்று மடங்கு விலைக்குச் சட்டை வாங்க வேண்டியதாயிற்று. – சேலம்

காலர் வைத்த சட்டை வேண்டும் என்று அவர்கள் இணையதளத்தில் எழுதியிருக்கும். படிக்காதது உங்கள் தவறு.

மாலில் கூப்பன் எழுதிப் போட்டோம். "மொரீசியஸில் மூன்று இரவு, ஒரு ரவுண்டு கோல்ஃப் பரிசு, தம்பதியாக வந்து வாங்கிக்கொள்ளுங்கள்" என்று போன் வந்திருக்கிறது. போகலாமா? – தாம்பரம்

போகாதீர்கள். 2011-ல் நானும் மனைவியும் அப்படித்தான் போனோம். மூன்று மணி நேரம் உட்கார வைத்து, டீ மேல் டீ கொடுத்து, "இன்றைக்கு மட்டும் இந்த விலை" என்று 25 வருட உறுப்பினர் திட்டத்துக்கு 85,000 ரூபாய் வாங்கினார்கள். வருடப் பராமரிப்புக் கட்டணம் தனி. நான் கேட்ட தேதியில் ஒரு தடவை கூட அறை கிடைக்கவில்லை. பரிசு என்ற மூன்று இரவும் வரவில்லை. அவர்கள் மறுபடி போன் செய்தால், பரிசைத் தபாலில் அனுப்பச் சொல்லுங்கள்.