எடை ஏறாத குழந்தையும் ஊரிலிருந்து வரும் சத்துமாவும்

உங்கள் கேள்வியை இரண்டு முறை படித்தேன், தங்கை. இங்கிலாந்தின் லெஸ்டருக்கு வந்து ஐந்து மாதங்கள் ஆகின்றன. 22 மாதப் பெண் குழந்தைக்கு நாள்தோறும் நான்கைந்து முறை தளர்வாக வயிறு போகிறது. வயிறு உப்பியிருக்கிறது, தொடையும் பின்புறமும் வற்றிப்போயிருக்கின்றன. பிறந்தபோது 3.1 கிலோ, முதல் பிறந்தநாளில் 9 கிலோ, இப்போது 9.2 கிலோ. ஜிபி (குடும்ப மருத்துவர்), "இந்த வயதுக் குழந்தைகளுக்கு வருவதுதான், தானாகச் சரியாகும்" என்று அனுப்பிவிட்டார். ஊரிலிருந்து மாமியார் மாந்தம் என்கிறார். கோதுமையையும் பாலையும் நிறுத்திப் பார்க்கலாமா, இல்லை மதுரைக்கே திரும்பி வைத்தியம் பார்க்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: இரத்தப் பரிசோதனை முடியும்வரை கோதுமையை நிறுத்தாதீர்கள். நான் நிறுத்தினேன். என் மகனுக்கு இரண்டு வயது நிறைந்திருந்த நேரம். உங்கள் மகளுக்கு இருப்பதாக நீங்கள் எழுதிய அத்தனையும் அவனுக்கு இருந்தது, கூடவே ஓயாத சிணுங்கலும். எங்கேயோ படித்துவிட்டு ஒரு மாதம் ரொட்டி, சப்பாத்தி, ரஸ்க் எல்லாவற்றையும் நிறுத்தினேன். வயிறு அடங்கியது, முகத்தில் தெளிவு வந்தது. மகிழ்ச்சியோடு மருத்துவரிடம் போய்ச் சொன்னபோது அவர் பெருமூச்சு விட்டார். சீலியாக் (கோதுமை, பார்லியிலுள்ள க்ளூட்டன் என்ற புரதத்தால் குடல் பாதிக்கப்படும் நோய்) என்று சந்தேகித்தாலும், அந்தக் க்ளூட்டன் உடலுக்குள் போய்க்கொண்டிருந்தால்தான் இரத்தத்தில் அதற்கான எதிர்ப்பொருள் தெரியும் என்றும், ஆறு வாரங்களாவது நாளுக்கு ஒரு வேளைக்கு மேல் மறுபடியும் கோதுமை கொடுத்த பிறகே இரத்தம் எடுக்க முடியும் என்றும் விளக்கினார். இது பிள்ளைக்கு வலிக்கும் என்று தெரிந்துகொண்டே, சப்பாத்தியைப் பிட்டுப் பிட்டு வாயில் ஊட்டிய அந்த ஆறு வாரங்களை இன்றும் என்னால் மறக்க முடியவில்லை.

உங்கள் மகளுக்கும் சீலியாக்தான் என்று நான் சொல்லவில்லை; அதைச் சொல்ல எனக்குத் தகுதியும் இல்லை. ஆனால் ஜிபி சொன்ன பதில் உங்கள் குழந்தைக்கு முழுதாகப் பொருந்தவில்லை என்பதை மட்டும் உறுதியாகச் சொல்வேன். நடைபழகும் வயதில் சில குழந்தைகளுக்கு மாதக்கணக்கில் தளர்ந்த மலம் போவதும், அதில் பட்டாணியும் கேரட்டும் அப்படியே வெளிவருவதும் உண்மைதான். அது பெரும்பாலும் ஐந்து வயதுக்குள் தானாக நின்றுவிடும். ஆனால் அந்தக் குழந்தைகள் ஓடி விளையாடுவார்கள், எடையும் ஒழுங்காக ஏறும். எடை நின்றுவிட்ட குழந்தையை "இந்த வயதில் வருவதுதான்" என்று சொல்லி அனுப்பக் கூடாது. பத்து மாதத்தில் 200 கிராம் என்பது எடை நின்றுவிட்டது என்பதற்குச் சமம்.

இதை மருத்துவர் கண்ணில் படும்படி செய்வது உங்கள் கையில் இருக்கிறது. இங்கே குழந்தைகளுக்கெல்லாம் ஒரு சிவப்புப் புத்தகம் உண்டு; உங்கள் மகள் வெளிநாட்டில் பிறந்ததால் உங்களுக்குக் கிடைத்திருக்காது, ஹெல்த் விசிட்டரிடம் (சிறு குழந்தைகளின் வளர்ச்சியைக் கவனிக்கும் செவிலியர்) கேட்டு வாங்குங்கள். அதிலுள்ள வளர்ச்சி அட்டவணையில் ஒன்பது சென்டைல் கோடுகள் இருக்கும்; அதே வயதுக் குழந்தைகள் நூறு பேரில் உங்கள் பிள்ளை எத்தனையாவது இடத்தில் இருக்கிறாள் என்று அவை காட்டும். ஊரில் தடுப்பூசி அட்டையில் எழுதிய பழைய எடைகளையெல்லாம் தேதியோடு அதில் குறிக்கச் சொல்லுங்கள், ஏனெனில் இன்றைய எடையை மட்டும் பார்க்கிறவருக்கு அது ஒல்லியான இந்தியக் குழந்தை, அவ்வளவுதான். புள்ளிகளைக் கோடாக இணைத்துப் பார்த்தால், ஒரு வயதில் நடுக்கோட்டை ஒட்டியிருந்த பிள்ளை இன்று ஒன்பதாம் சென்டைலுக்குக் கீழே வந்திருப்பது தெரியும். சராசரி எடையோடு பிறந்த குழந்தை இரண்டு சென்டைல் இடைவெளியோ அதற்கு மேலோ இறங்கினால் கவனிக்க வேண்டும் என்பது இங்கே மருத்துவர்கள் பின்பற்றும் நைஸ் (NICE) என்ற தேசிய அமைப்பின் வழிகாட்டுதலிலேயே இருக்கிறது. ஒரு வயதுக்கு மேல் மாதம் ஒருமுறைக்கு அதிகமாக எடை பார்க்க வேண்டாம். தினமும் தராசில் ஏற்றினால் உங்கள் தூக்கம் கெடுவதைத் தவிர வேறு பயனில்லை.

ஜிபியிடம் கிடைப்பது பத்து நிமிடம். நம் ஊர் வழக்கப்படி "சரியாகவே சாப்பிட மாட்டேன் என்கிறாள் டாக்டர்" என்று தொடங்கினால் அந்தப் பத்து நிமிடமும் காய்கறி ஊட்டும் உபதேசத்தில் கரைந்துவிடும். மூன்று நாள் என்ன சாப்பிட்டாள், எத்தனை முறை போனாள் என்று எழுதிய தாள், நாப்பியின் (டயப்பரின்) புகைப்படம், சிவப்புப் புத்தகம் ஆகியவற்றோடு போங்கள். கூச்சப்படாமல் இரண்டு விஷயங்களைக் கேளுங்கள்: சீலியாக் நோய்க்கான டிடிஜி (tTG) எதிர்ப்பொருளும், மொத்த ஐஜிஏ (IgA, உடலிலுள்ள ஒரு வகை எதிர்ப்பொருள்) அளவும் பார்க்கும் இரத்தப் பரிசோதனை, சமீபத்தில் இந்தியாவிலிருந்து வந்தவள் என்பதால் ஜியார்டியா போன்ற ஒட்டுண்ணிகளுக்கான மலப் பரிசோதனை. இரத்தசோகையையும் சேர்த்துப் பார்ப்பார்கள். இன்னொன்றையும் மறக்காமல் சொல்லுங்கள்: இங்கே பிறக்கும் குழந்தைகளுக்கு ஐந்தாம் நாளில் குதிகாலில் குத்தி எடுக்கும் இரத்தத்தில் சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் என்ற, நுரையீரலையும் செரிமானத்தையும் பாதிக்கும் பரம்பரை நோயையும் தேடுவார்கள், ஊரில் பிறந்த உங்கள் மகளுக்கு அது நடந்திருக்காது, ஆனால் மருத்துவர் நடந்ததாக எண்ணிக்கொள்ளக்கூடும். ஆங்கிலத்தில் தயக்கம் இருந்தால், முன்பதிவு செய்யும்போதே தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேட்கலாம், கட்டணம் கிடையாது.

எடை ஏறவில்லை என்று சொன்னால் சமூகநலத் துறையினர் வீட்டுக்கு வந்துவிடுவார்கள் என்று யாராவது பயமுறுத்தியிருந்தால் அதைக் காதில் வாங்காதீர்கள். திரும்பத் திரும்ப உதவி கேட்டு வரும் தாயை யாரும் குற்றவாளியாகப் பார்ப்பதில்லை.

பரிசோதனைக்குக் காத்திருக்கும் நாட்களில், பாலை முழுதாக நிறுத்துவதற்குப் பதில் அளந்து கொடுங்கள். நாளுக்கு நான்கு பாட்டில் குடிப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அரை லிட்டருக்கு மேல் போனால் பசியும் போகும், இரும்புச்சத்தும் குறையும். ஆப்பிள் ஜூஸை நிறுத்துங்கள், அது வயிற்றை இன்னும் இளக்கும். பருப்புச் சாதத்தில் நெய் விடுங்கள் என்று மாமியார் சொல்வது சரிதான். கொழுப்பு குறைந்த உணவு இந்த வயதுக்கு ஏற்றதே அல்ல. ஆனால் உரைமருந்து வேண்டாம். வசம்பு பிள்ளைக்கு வாந்தியை உண்டாக்கும். இதுவரை கொடுத்திருந்தால் மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். மலத்தில் இரத்தம், பச்சை நிறத்தில் வாந்தி, மணிக்கணக்கில் சிறுநீர் போகாமல் துவண்டு கிடப்பது ஆகியவற்றில் எது வந்தாலும் முன்பதிவுக்குக் காத்திராமல் நேரே அவசரப் பிரிவுக்குப் போங்கள். சந்தேகமாக இருந்தால் மருத்துவ ஆலோசனைக்கான 111 எண்ணை அழையுங்கள்.

மதுரைக்குத் திரும்புவதைப் பற்றி: டிடிஜி பரிசோதனை அங்கேயும் உண்டு, திறமையான குழந்தை மருத்துவர்களும் உண்டு. ஆனால் சீலியாக், அரிசி உண்ணும் தென்னிந்தியாவில் வடக்கைவிடக் குறைவாகவே காணப்படுகிறது. இங்கேயோ நூற்றில் ஒருவருக்கு இருப்பதாகக் கணக்கு, ஆகவே இங்குள்ள மருத்துவர்களுக்கு அது பழகிய நோய். விசாவின்போதே குழந்தைக்கு ஆண்டுக்கு 776 பவுண்ட் சுகாதாரக் கட்டணம் கட்டியிருப்பீர்கள்; மருத்துவமனைக்கு அனுப்பினாலும் தனிச் செலவில்லை. பாதியில் கிளம்பினால் இங்கே தொடங்கிய பரிசோதனையும் அறுந்துபோகும். அதே ஜிபி மறுத்தால் அதே கிளினிக்கில் வேறொருவரைப் பார்க்கக் கேளுங்கள்; என் மகனுக்குப் பரிசோதனை எழுதியவர் நாங்கள் பார்த்த மூன்றாவது மருத்துவர். எதிர்ப்பொருள் அளவு இயல்பின் உச்ச வரம்பைவிடப் பத்து மடங்குக்கு மேல் இருந்ததால், இரண்டாவது இரத்த மாதிரியில் உறுதி செய்துகொண்டு, எண்டோஸ்கோபி (வாய்வழியே குழாய் விட்டுக் குடலைப் பார்ப்பது) இல்லாமலே சீலியாக்தான் என்று முடிவு சொன்னார்கள். அவன் பழைய கோட்டுக்கு ஏறி வர எட்டு மாதங்கள் பிடித்தன.

ஒருவேளை உங்களுக்கும் அந்த முடிவு வந்தால், நம் சமையல் பெரும்பாலும் கைகொடுக்கும்; இட்லி, தோசை, இடியாப்பம், கேழ்வரகு எதிலும் க்ளூட்டன் இல்லை. சறுக்கும் இடங்கள் வேறு. கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் கோதுமை மாவு கலந்திருக்கும். மால்ட் பானங்களில் பார்லி இருக்கும். என் அம்மா, பேரன் இளைத்துவிட்டான் என்று மாதம் தவறாமல் பார்சலில் அனுப்பிய சத்துமாவில் சம்பா கோதுமையும் பார்லியும் வறுத்து அரைத்தவை. அவன் இளைக்க இளைக்க நான் இன்னொரு கிண்ணம் கஞ்சி சேர்த்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். உங்கள் வீட்டுச் சத்துமாவில் என்னென்ன சேர்க்கிறார்கள் என்று இன்றே தொலைபேசியில் கேட்டு, அதையும் அந்தத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். இரத்தம் எடுக்கும் நாள்வரை அந்தக் கஞ்சியையும் வழக்கம்போலக் கொடுங்கள்.