காரைக்குடியில் இருந்துகொண்டு பழைய ஹோண்டா சிட்டி வீடெக் வாங்கிப் பராமரிக்க முடியுமா?

கேள்வி கேட்டவர் சொன்னது இதுதான்: பள்ளத்தூரில் ஒரு பெரிய வீட்டு கார் ஷெட்டில் 2002 மாடல் ஹோண்டா சிட்டி 1.5 வீடெக் ஆறு வருடமாக நிற்கிறது. வீட்டுக்காரர்கள் சென்னையில் இருக்கிறார்கள், விற்கவும் தயார். காரைக்குடியில் வைத்து அதைப் பராமரிக்க முடியுமா, இல்லை யானையைக் கட்டித் தீனி போட்ட கதையாகிவிடுமா? சாமான்கள் கிடைக்குமா, வண்டியில் மாற்றங்கள் செய்யலாமா என்றும் கேட்டிருக்கிறார்.

முடியும். பதினோரு வருடமாக நான் அதே வண்டியைத்தான் இங்கே ஓட்டிக்கொண்டிருக்கிறேன். வாங்கும்போது மீட்டரில் 84,000. இப்போது 1,90,000 தாண்டிவிட்டது. இன்ஜினின் மேல்பாகமான ஹெட்டை இதுவரை கழற்றவில்லை. இத்தனை வருடத்தில் எனக்குப் புரிந்தது, இந்த வண்டியை வயது கெடுப்பதில்லை, கைவைத்தியம்தான் கெடுக்கிறது. “இது இல்லாமலும் ஓடும்”, “இதை ஊத்துனா போதும்” என்று ஆளாளுக்குச் செய்கிற வேலைகளைத் தவிர்த்து, சர்வீஸ் புத்தகத்தில் இருப்பதை அப்படியே செய்தால் அது உங்களைக் கைவிடாது.

முதலில் இந்த வண்டிக்கு ஏன் இவ்வளவு மதிப்பு என்று சொல்லிவிடுகிறேன். இந்தியாவில் இந்த வீடெக் 2000 முதல் 2003 வரைதான் விற்பனையில் இருந்தது. 1.5 லிட்டர் இன்ஜின், 106 குதிரைத்திறன், அதுவும் 6,800 ஆர்.பி.எம்.மில். 2003இல் அடுத்து வந்த சிட்டியை மைலேஜ் பார்த்துச் செய்தார்கள், அதில் 77 குதிரைத்திறன்தான். அதனால்தான் பழையதை இன்னமும் தேடிக்கொண்டு அலைகிறார்கள். வீடெக் என்று உள்ளே நடப்பது எளிமையான வேலைதான். காற்றை உள்ளே விடும் வால்வுகளை அழுத்தித் திறக்க ஒரு சிலிண்டருக்கு மூன்று ராக்கர் கைகள். அவற்றைத் தள்ளுவது கேம் என்கிற சுழலும் மேடு. இரண்டு சாதாரண ஓட்டத்துக்கு. நடுவில் இருப்பது, வால்வை அதிகம் திறக்கிற பெரிய கேமுக்கு. ஐயாயிரம் ஆர்.பி.எம். நெருங்கும்போது கம்ப்யூட்டர் ஒரு சோலினாய்டை, அதாவது கரண்டில் இயங்கும் அடைப்பானைத் திறக்கும். இன்ஜின் ஆயில் அழுத்தத்தோடு போய் ஒரு பின்னைத் தள்ளி மூன்று கைகளையும் ஒன்றாகக் கோக்கும். அந்த நொடியில் சத்தமே மாறும். திருமயம் போகும் ரோட்டில், விடிகாலையில், இரண்டாவது கியரில் அதைக் கேட்டுப் பாருங்கள். 80 கி.மீ. வேகத்தைத் தாண்டக்கூட வேண்டியதில்லை.

கவனியுங்கள், அந்த வேலையைச் செய்வது ஆயில். அளவு குறைந்தாலோ கெட்டுப்போனாலோ வீடெக் வேலை செய்யாது. சோலினாய்டுக்கு அடியில் சின்ன சல்லடை ஒன்று இருக்கிறது, அதில் கசடு அடைத்தாலும் அதே கதிதான். நான் 10டபிள்யூ-30 தர ஆயில் போட்டு 5,000 கி.மீ.க்கு ஒருமுறை மாற்றிவிடுகிறேன். ஓடாவிட்டாலும் ஆறு மாதத்தில் மாற்றுவேன்.

இப்போது வெயிலுக்கு வருகிறேன். நம் ஊரில் இந்த வண்டி வைத்திருப்பவர் எல்லாரும் ஒருநாள் சந்திக்கப் போகிற பிரச்சினை இது. வாங்கின இரண்டாவது வருடம், சித்திரை மாதம், குடும்பத்தோடு பிள்ளையார்பட்டி போயிருந்தோம். சாமி கும்பிட்டு வந்து பார்த்தால் மதியம் ஒரு மணி, வண்டி வெட்டவெளியில் நின்று கொதிக்கிறது. செல்ஃப் நன்றாகச் சுற்றுகிறது, ஆனால் இன்ஜின் பிடிக்கவில்லை. அரை மணி நேரம் போராடிவிட்டு ஆட்டோவில் வீட்டுக்கு வந்தோம். சாயங்காலம் போய்ச் சாவியைத் திருகினேன், ஒன்றுமே நடக்காத மாதிரி ஸ்டார்ட் ஆனது. அடுத்த வாரமும் இதே கதை. பக்கத்து ஊர் ஒர்க்‌ஷாப் ஒன்றில் பெட்ரோல் பம்பையும் ஃபில்டரையும் மாற்றினார்கள். ஒன்பதாயிரம் செலவு. நாலு நாள் கழித்து மறுபடியும் நடுரோட்டில் நின்றேன்.

கடைசியில் அதைக் கண்டுபிடித்தது செக்காலை ரோடு பக்கம் சின்ன ஷெட் வைத்திருக்கும் எங்கள் மெக்கானிக் அண்ணன். வண்டி நின்றிருந்தபோதே வரச் சொன்னேன். அவர் பானெட்டைத் திறக்கவே இல்லை. உள்ளே உட்கார்ந்து சாவியை ஆன் வரைக்கும் மட்டும் திருப்பினார். “தம்பி, பின்சீட்டுக்கிட்ட காத வைங்க. ரெண்டு செகண்ட் உஸ்ஸுன்னு பம்ப் ஓடணும். கேக்குதா?” கேட்கவில்லை. டேஷ்போர்டுக்கு அடியில் படுத்துக் கை விட்டு, தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய டப்பா ஒன்றைக் கழற்றினார். அதுதான் பெட்ரோல் பம்புக்குக் கரண்ட் கொடுக்கும் மெயின் ரிலே. மூடியை நெம்பி எடுத்து, போர்டைத் திருப்பி, பூதக்கண்ணாடியைக் கொடுத்து என்னைப் பார்க்கச் சொன்னார். வெள்ளிப் பொட்டு மாதிரி வரிசையாக, ஈயத்தால் பற்றவைத்த சால்டர் புள்ளிகள். அவற்றில் இரண்டைச் சுற்றி, தலைமுடி அளவுக்கு ஒரு கறுப்பு வளையம். அதுதான் விரிசல். பத்துப் பன்னிரண்டு வருடம் சூடாகிச் சூடாகி ஆறினால் சால்டர் இப்படி விட்டுப்போகும். உள்ளே வெயிலில் வெந்தால் விரிந்து தொடர்பு அறுந்துவிடும், சாயங்காலம் ஆறினால் ஒட்டிக்கொள்ளும். ஐந்து நிமிடத்தில் சால்டர் வைத்துக் கொடுத்தார். அதற்குப் பிறகு ஒருநாள்கூட என்னை நிறுத்தியதில்லை. நீங்கள் வாங்கினால் முதல் வேலையாக இதைச் செய்துவிடுங்கள்.

வெயிலைச் சொல்லி நடக்கிற இன்னொரு கைவைத்தியம், இன்ஜின் சூடாகும்வரை தண்ணீரை ரேடியேட்டருக்கு விடாமல் தடுக்கிற தெர்மோஸ்டாட்டைக் கழற்றி வீசுவது. “நம்மூர் சூட்டுக்கு இது எதுக்கு?” என்பார்கள். கழற்றினால் நீண்ட ரோட்டில் இன்ஜின் தன் வேலைச் சூட்டுக்கே வராது. இன்ஜின் இன்னும் குளிர்ந்துதான் இருக்கிறது என்று நினைத்து கம்ப்யூட்டர் பெட்ரோலைக் கூடுதலாக ஊற்றும். மைலேஜ் விழும், ஆயிலில் பெட்ரோல் கலக்கும். சூடு ஏறுகிறதென்றால் ரேடியேட்டர் மூடி, ஃபேன், உள்ளே படிந்த உப்பு, இந்த மூன்றைப் பாருங்கள். போர் தண்ணீரை ரேடியேட்டரில் ஊற்றவே கூடாது. கலந்து விற்கிற கூலன்ட் போதும், இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றினால் சரி.

கியர் ஆயிலிலும் இப்படித்தான். எல்லா வண்டிக்கும் ஊற்றுகிற ஈ.பி. 90ஐ இதற்கு ஊற்றினால் காலையில் முதல் கியரும் இரண்டாவது கியரும் மரக்கட்டை மாதிரி விழும். ஹோண்டாவின் எம்.டி.எஃப். ஆயிலைக் கேட்டு வாங்குங்கள்.

டேப்பட் அட்ஜஸ்ட்மென்ட் எனக்குப் பிடித்த வேலை, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். இந்த இன்ஜினில் வால்வு இடைவெளி தானாகச் சரியாகாது, ஸ்க்ரூவைத் திருப்பிக் கையால்தான் வைக்க வேண்டும். 40,000 கி.மீ.க்கு ஒருமுறை பார்ப்பது நல்லது. காற்றை உள்ளே விடும் இன்டேக் வால்வுக்கு 0.2 மி.மீ., புகையை வெளியே விடும் எக்ஸாஸ்ட் வால்வுக்கு 0.25 மி.மீ. அளவில் இருக்க வேண்டும். சிலிண்டர் ஹெட் 38 டிகிரிக்குக் கீழே ஆறியிருக்கும்போதுதான் அளக்கச் சொல்கிறது புத்தகம். ஜப்பானில் அது சாதாரணம். நம் ஊரில் வைகாசி மதியம் நிழலில் நிற்கிற வண்டியே அந்தச் சூட்டில்தான் இருக்கும். வண்டியை ஓட்டி வந்து ஒர்க்‌ஷாப்பில் விட்டு, ஒரு மணி நேரத்தில் டேப்பட் வைத்துக் கொடுத்தால், வைத்த அளவு எல்லாமே தப்பு.

அதனால் நாங்கள் அதை எங்கள் வீட்டிலேயே செய்கிறோம். முந்தின நாள் ராத்திரி வண்டியைத் தொடுவதில்லை. விடிகாலை ஐந்தரைக்கு அண்ணன் டிவிஎஸ் 50இல் வந்துவிடுவார். அம்மா ஒரு டம்ளர் காபி கொடுப்பார். ஹெட் கவரைத் திறந்தால் உள்ளே தேன் நிறத்தில் சுத்தமாக இருக்கும். அதைப் பார்க்கிற சந்தோஷமே தனி. ஒன்று, மூன்று, நாலு, இரண்டு என்ற வரிசையில் ஒவ்வொரு சிலிண்டரின் பிஸ்டனையும் மேலே கொண்டு வந்து, இடைவெளி அளக்கும் ஃபீலர் கேஜ் தகட்டை ராக்கருக்கு அடியில் விட்டு இழுப்பார். “இந்தா, இழுத்துப் பாருங்க. வெண்ணெய்க்குள்ள கத்தி வர்ற மாதிரி லேசா பிடிச்சு வரணும். சும்மா வந்துச்சுன்னா லூஸ், வரவே இல்லைன்னா டைட்.” அந்தப் பிடி என் விரலுக்குப் பழக மூன்று தடவை ஆனது. பதினாறு வால்வு, ஏழு மணிக்குள் முடிந்துவிடும். மூடி, ஸ்டார்ட் செய்து, டிக்டிக் சத்தம் ஒரே சீராக வருகிறதா என்று இரண்டு பேரும் நின்று கேட்போம்.

இந்த இன்ஜின் சுற்றுவது கடிகாரம் சுற்றுவதற்கு எதிர்த் திசையில். மற்ற பல வண்டிகளில் பழகிய கை வலப்பக்கமாகத் திருப்பிவிடும். கேம்களைச் சுழற்றுகிற டைமிங் பெல்ட்டை மாற்றும்போது இது முக்கியம். உங்கள் மெக்கானிக்கிடம் முன்னாலேயே சொல்லிவையுங்கள்.

பள்ளத்தூர் வண்டிக்கு வருவோம். ஆறு வருடம் நின்ற வண்டியை, பேட்டரி கட்டி உடனே ஸ்டார்ட் செய்து காட்டுகிறேன் என்று யாராவது சொன்னால் தடுத்துவிடுங்கள். டைமிங் பெல்ட் ரப்பர். ஓடினாலும் நின்றாலும் ஐந்து வருடத்தில் அதன் காலம் முடிந்தது. அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதி ஹெட்டே போய்விடும். முதலில் டேங்கில் இருக்கும் பழைய பெட்ரோலை முழுதும் இறக்குங்கள். அது கெட்டு வார்னிஷ் மாதிரி ஆகியிருக்கும். பிளக்குகளைக் கழற்றி ஒவ்வொரு சிலிண்டரிலும் ஒரு ஸ்பூன் இன்ஜின் ஆயில் விட்டு ஒரு ராத்திரி விட்டுவிடுங்கள். மறுநாள் இடது முன்சக்கரப் பக்கம், இன்ஜினோடு சேர்ந்து சுற்றும் கிராங்க் புல்லியின் போல்ட்டில் ஸ்பேனர் போட்டு, நான் சொன்ன திசையில், கையால் சுற்றிப் பாருங்கள். தடையில்லாமல் இரண்டு சுற்று வந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி. இறுகியிருந்தால் வலு கொடுக்காதீர்கள், விலை பேசும்போது அதைச் சொல்லிக் குறையுங்கள். பெல்ட்டோடு, அதை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர், வாட்டர் பம்ப், ஆயில் சீல்கள் எல்லாவற்றையும் ஒரே தடவையில் மாற்றிவிடுங்கள், வாட்டர் பம்பையும் அந்த பெல்ட்தான் சுற்றுகிறது. பிரேக் ஆயில், ஹோஸ்கள், டயர் எல்லாம் புதிது. டயரின் பக்கவாட்டில் நாலு இலக்கம் இருக்கும், அது செய்த வாரமும் வருடமும். பட்டன் எவ்வளவு ஆழமாக இருந்தாலும் சரி, அந்த டயரில் ஓட்டாதீர்கள். எலி கடித்த ஒயரையும் தேடுங்கள். பூட்டிக் கிடக்கிற பெரிய வீடுகளில் அது நிச்சயம் உண்டு.

துருவைக் கீழே படுத்துத்தான் பார்க்க வேண்டும். உலோக அரிப்பைப் பற்றி ஆராய்ச்சி செய்கிற செக்ரி, அதாவது மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம், நம் காரைக்குடியிலேயே இருக்கிறது. கடல் காற்று இரும்பை என்ன செய்கிறது என்று பார்க்க அவர்கள் ராமேஸ்வரத்துக்கு முன்னால் இருக்கும் மண்டபம் ஊரில் தனி நிலையமே வைத்திருக்கிறார்கள். அந்த வீட்டு வண்டி அடிக்கடி ராமேஸ்வரம் போய் வந்ததா என்று கேளுங்கள். பின்சக்கர வளைவின் உள் மடிப்பில் விரல் விட்டுத் தடவுங்கள், பொருபொரு என்று உதிர்ந்தால் யோசிக்க வேண்டும்.

காகிதத்தை மறக்காதீர்கள். 2002 வண்டி என்றால் 15 வருடம் முடிந்து 2017இல் ஆர்.சி. புதுப்பித்திருப்பார்கள். அடுத்தது 2022. ஆறு வருடமாக நிற்கிற வண்டிக்கு அது நடந்திருக்க வாய்ப்பே இல்லை. 20 வருடம் தாண்டிய காருக்கான கட்டணத்தை 2025இல் 10,000 ரூபாய் ஆக்கிவிட்டார்கள், தாமதத்துக்குத் தனியாக வேறு கட்ட வேண்டும். இதையும் விலையில் கழியுங்கள்.

சாமான்கள் கிடைக்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஓடித் தேய்கிற சாமான்கள் மதுரையிலும் திருச்சியிலும் கிடைக்கின்றன. பழைய சாமானுக்குச் சென்னை புதுப்பேட்டை. போட்டோ அனுப்பினால் ஆம்னி பஸ்ஸில் பார்சல் போட்டுவிடுவார்கள், காலையில் புதிய பஸ் நிலையத்தில் வாங்கிக்கொள்ளலாம். இவற்றைவிட நமக்கு இன்னொரு வழி இருக்கிறது. மலேசியாவிலும் இதே சிட்டி ஓடியது. அங்கே ஜப்பானிலிருந்து பாதியாக வெட்டி வருகிற கார்களை வைத்து ஹாஃப் கட் கடைகளே உண்டு. நம் பக்கத்தில் யாருக்குத்தான் மலேசியாவில் உறவு இல்லை? பிளக்குகளுக்குக் கரண்டைப் பிரித்துக் கொடுக்கும் என் வண்டியின் டிஸ்ட்ரிப்யூட்டர் கிள்ளானில் இருக்கும் சித்தப்பா பெட்டியில், துணிக்கு நடுவே சுருட்டி வந்ததுதான். கனெக்டர் போட்டோவை முன்னாலேயே ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு வாங்கச் சொல்லுங்கள்.

பெட்ரோலில் இப்போது 20 சதவீதம் எத்தனால். இந்த வண்டியின் ரப்பர் அதற்காகச் செய்ததில்லை. பெட்ரோல் ஹோஸ்களையும் இன்ஜெக்டர் ஓ-ரிங்குகளையும் எத்தனால் தாங்குகிற வகைக்கு மாற்றிவிட்டேன். எத்தனால் ஈரத்தை இழுக்கும். அதனால் வாரம் ஒருமுறையாவது முப்பது கிலோமீட்டர் ஓட்டுகிறேன்.

கோன் ஃபில்டர் என்கிற பெட்டியில்லாத ஏர் ஃபில்டர், தாழ்த்திய ஸ்பிரிங், சத்தம் போடுகிற சைலன்சர் இதெல்லாம் போடலாமா என்ற கடைசிக் கேள்விக்கு, வேண்டாம் என்பதுதான் என் பதில். நம் செம்மண் தூசிக்குக் கம்பெனி ஃபில்டர் பெட்டிதான் பாதுகாப்பு. என்னுடையதை 5,000 கி.மீ.யில் திறந்தாலே ஆத்தங்குடிக் கல் நிறத்தில் சிவந்திருக்கும். தாழ்த்தினால் தேவகோட்டை போகும் முன்பே வேகத்தடையில் அடிவயிறு உரசும். ஆர்.டி.ஓ. அனுமதியில்லாமல் மாற்றுவது மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவுப்படி குற்றமும்கூட. அந்தப் பணத்தை சஸ்பென்ஷன் மூட்டுகளில் இருக்கும் ரப்பர் புஷ்களுக்குப் போடுங்கள். புதிய புஷ் போட்ட அன்றைக்கு வண்டி வளைவில் எப்படித் திரும்புகிறது என்று பாருங்கள்.

பள்ளத்தூருக்கு எப்போது போகிறீர்கள் என்று எழுதுங்கள். ஞாயிற்றுக்கிழமை என்றால் ஃபீலர் கேஜும் டார்ச்சும் எடுத்துக்கொண்டு நானும் வருகிறேன், முடிந்தால் அண்ணனையும் கூட்டி வருகிறேன். வெயில் ஏறுவதற்குள் போய்விட வேண்டும். நாம் வரும்வரை யாரும் சாவி போட வேண்டாம் என்று மட்டும் வாட்ச்மேனிடம் சொல்லிவையுங்கள்.