அரிய பழைய கால்பந்து ஜெர்ஸியை நல்ல காரியத்துக்காக ஏலம் விடுவது எப்படி?

கேள்வி இது: 1980-களில் ஒரு வீரர் ஆட்டத்தில் அணிந்ததாகச் சொல்லப்படும் கால்பந்து ஜெர்ஸி ஒன்று குடும்பச் சொத்தாகக் கைக்கு வந்திருக்கிறது. அதை ஏலம் விட்டு, வரும் பணம் முழுவதையும் ஒரு தொண்டு நிறுவனத்துக்குக் கொடுக்க வேண்டும். எங்கே தொடங்குவது, எதில் கவனமாக இருப்பது?

பழைய ஜெர்ஸிகளைச் சேர்ப்பவன் நான். இது போன்ற ஏலங்கள் சிலவற்றுக்கு விவரக் குறிப்பு எழுதிக் கொடுத்திருக்கிறேன். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்.

முதலில் ஒரு நம்பிக்கையை விட்டுவிடுங்கள். 'நல்ல காரியத்துக்குத்தானே, நாலு காசு கூடவே கேட்பார்கள்' என்ற நம்பிக்கை. விருந்துக்கு நடுவே நடத்தும் சின்ன ஏலத்தில் அது பலிக்கும். அரிய ஜெர்ஸி விஷயத்தில் பலிக்காது. பெரிய தொகை கொடுக்கக் கூடியவர் சேகரிப்பாளர். அவருக்குத் தர்மம் செய்ய வேண்டுமென்றால் நேராகவே செய்துவிடுவார், உங்கள் சட்டை தேவையில்லை. தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்பார்கள். இங்கே மாடு தானமில்லை, மாட்டை விற்ற காசுதான் தானம். ஆகவே வாங்குகிறவர் பல்லைப் பிடித்துத்தான் பார்ப்பார். உங்கள் உழைப்பில் முக்கால் பங்கு விளம்பரத்துக்குப் போகக் கூடாது, ஆதாரம் திரட்டுவதற்குப் போக வேண்டும்.

உங்களிடம் இருப்பது என்ன வகை என்று முடிவு செய்யுங்கள். வீரர் ஆட்டத்தில் உண்மையில் அணிந்தது ஒரு வகை. ஆட்டத்துக்காக அவர் பெயரில் தயாராகி, அணியாமலே பெட்டியில் இருந்துவிட்டது இன்னொன்று. ரசிகர்களுக்காகக் கடையில் விற்ற ரெப்ளிகா மூன்றாவது. மூன்றும் பார்வைக்கு ஒன்று போலவே இருக்கலாம், விலை மட்டும் மலைக்கும் மடுவுக்கும். 'அணிந்தது' என்று உறுதியாகச் சொல்ல முடியாவிட்டால் விளம்பரத்தில் அந்தச் சொல்லைப் போடாதீர்கள். 'அணிந்ததாகக் குடும்பத்தில் சொல்லப்படுகிறது' என்று எழுதுவது கௌரவக் குறைச்சல் இல்லை. அப்படி எழுதியதால் நம்பிக்கை கூடி, விலை ஏறியதைப் பார்த்திருக்கிறேன்.

அடுத்து, சட்டையை உள்பக்கமாகத் திருப்பிப் போட்டு நல்ல வெளிச்சத்தில் பாருங்கள். கழுத்து லேபிளில் என்ன நிறுவனப் பெயர், எந்த வடிவ எழுத்து, அளவு எண்ணா எழுத்தா. சின்னத்தின் பின்பக்கம் நூல் எப்படி ஓடுகிறது. முதுகு எண் தைத்ததா, சூட்டில் ஒட்டியதா. ஒட்டியதென்றால் ஓரத்தில் பசை பழுப்பேறியிருக்கிறதா. எல்லாவற்றையும் அருகிலிருந்து படமெடுங்கள். காலத்தோடு பொருந்தாத ஒரு விவரம் போதும், மொத்தமும் சந்தேகத்துக்கு உள்ளாகிவிடும். உலகக் கோப்பையில் வீரர்களின் பெயர் முதுகில் வந்தது 1994-இல். அதனால் 1986 உலகக் கோப்பைச் சட்டை என்று சொல்லி, முதுகில் பெயரோடு ஒன்றைக் காட்டினால் அங்கேயே கதை முடிந்தது. இன்னொன்று நெதர்லாந்தின் யோஹன் க்ரைஃப். 1974 உலகக் கோப்பையில் அணி அடிடாஸ் ஜெர்ஸி அணிந்தது. க்ரைஃபுக்கோ போட்டி நிறுவனமான பூமாவோடு ஒப்பந்தம். அதனால் அவர் சட்டைக் கையில் மட்டும் அடிடாஸின் அடையாளமான மூன்று கோடுகளுக்குப் பதிலாக இரண்டே கோடுகள். மூன்று கோடுகளோடு ஒரு '1974 க்ரைஃப் 14' ஏலத்துக்கு வந்தால் விவரம் தெரிந்தவர்கள் வாய்விட்டுச் சிரிப்பார்கள்.

இந்தத் துறையில் எல்லாரும் இப்போது எதிர்பார்ப்பது புகைப்பட ஒப்பீடு. ஆட்டத்தன்று எடுத்த படத்தையும் கையிலிருக்கும் சட்டையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, இரண்டும் ஒன்றேதான் என்று நிறுவுவது. இதற்கு மரடோனாவின் சட்டையை விடச் சிறந்த உதாரணம் இல்லை. 1986 ஜூன் 22, மெக்சிகோவின் அஸ்டெகா மைதானம், இங்கிலாந்துக்கு எதிரான உலகக் கோப்பைக் காலிறுதி. கையால் தட்டிய கோலும், பாதி மைதானத்தைக் கடந்து அடித்த கோலும் அதே ஆட்டத்தில். அர்ஜென்டினாவின் மாற்று நீலச் சட்டை அந்த வெயிலுக்குக் கனமாக இருக்கிறது என்று பயிற்சியாளர் பிலார்தோ நினைத்ததால், கடைசி நேரத்தில் மெக்சிகோ நகரக் கடையில் லேசான சட்டைகள் வாங்கி, அவசரமாகச் சின்னம் தைத்து, வெள்ளி நிற எண்களைச் சூட்டில் ஒட்டினார்கள். அந்த அவசரம்தான் பின்னால் ஆதாரமாகக் கை கொடுத்தது. ஆலையில் ஒரே அச்சாக வந்திருந்தால் ஒரு சட்டைக்கும் மறு சட்டைக்கும் வித்தியாசம் தெரிந்திருக்காது. கையால் செய்ததால் சின்னம் உட்கார்ந்த இடம், துணியில் ஓடும் கோட்டை எண் தொடும் இடம் எல்லாம் ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு மாதிரி.

அந்தச் சட்டையை ஆட்டம் முடிந்ததும் மாற்றிக்கொண்டவர் இங்கிலாந்தின் ஸ்டீவ் ஹாட்ஜ். 2022-இல் சதபீஸ் அதை ஏலத்துக்குக் கொண்டு வந்தபோது, இது முதல் பாதியில் அணிந்த சட்டை, கோல் அடித்தபோது அணிந்தது வேறு என்று மரடோனாவின் மகள் மறுத்தார். ஏல நிறுவனம் புகைப்பட ஒப்பீட்டை முன்வைத்தது. ஏறத்தாழ 71 லட்சம் பவுண்டுக்குப் போனது. உலகமே அறிந்த சட்டைக்கே இந்தக் கேள்வி வரும் என்றால், நம் கையில் இருப்பதற்கு வராமலா இருக்கும்?

உங்கள் சட்டைக்கும் இதே வேலையைச் சின்ன அளவில் செய்யலாம். பழைய பத்திரிகைப் படங்கள், பட முகவர்களின் இணையத் தொகுப்புகள், ஆட்டத்தின் வீடியோ எல்லாவற்றையும் தேடுங்கள். எண்ணின் மூலை எந்தக் கோட்டில் விழுகிறது, கையில் இழுபட்ட நூல் இருக்கிறதா, தையல் எங்கே வளைந்திருக்கிறது என்று பாருங்கள். நான் குறிப்பு எழுதிய ஒரு சட்டையில் 7 என்ற எண்ணின் அடிமுனை, துணியில் மங்கலாக ஓடும் ஒரு நிழல் கோட்டைத் தாண்டி நூலளவு இடப்பக்கம் சாய்ந்திருந்தது. பழைய கறுப்பு வெள்ளைப் படத்திலும் அதே சாய்வு. அந்த ஒரு சாய்வு, பின்னால் இணைத்த நாலு பக்கச் சான்றிதழை விட வேலை செய்தது. சான்றிதழ் என்றதும் ஒன்று: யார் வேண்டுமானாலும் அச்சடிக்கக் கூடிய காகிதம் அது. கொடுத்தவர் யார், எதைப் பார்த்துக் கொடுத்தார் என்பதுதான் மதிப்பு.

படம் கிடைக்கவில்லையென்றால் கைமாறிய வரலாறு. யாரிடமிருந்து யாருக்கு, எப்போது, என்ன சந்தர்ப்பத்தில். கைகள் எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது. 1970 உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தில் பெலே அணிந்த சட்டை 2002-இல் கிறிஸ்டீஸ் ஏல நிறுவனத்தில் 1,57,750 பவுண்டுக்குப் போனது. விற்பனைக்குக் கொடுத்தவர், அன்று எதிரணியில் ஆடிப் பெலேயிடம் மாற்றிக்கொண்ட இத்தாலி வீரர் ரொபெர்ட்டோ ரொசாட்டோவேதான். நடுவில் வேறு கையே இல்லை. உங்கள் வீட்டுப் பெரியவர்கள் யாருக்காவது கதை தெரியுமென்றால், இப்போதே எழுதி வாங்கிக் கையெழுத்தும் தேதியும் போடச் சொல்லுங்கள். வீரர் உயிரோடிருந்தால் அவரை அணுகுவதும் தப்பில்லை. ஆனால் சட்டையின் மீது புதிதாகக் கையெழுத்து வாங்கும் ஆசை வேண்டாம். அணிந்த சட்டையை அன்று இருந்தபடியே வைத்திருக்க விரும்புகிறவர்கள் அதிகம். கடிதமாக வாங்கினால் போதும்.

தயவுசெய்து துவைக்காதீர்கள். மண் கறை, புல் கறை எல்லாம் சாட்சிகள். ஹாங்கரில் தொங்கவிட்டால் தோள் இழுபடும், வெயில் பட்டால் நிறம் போகும், கண்ணாடிச் சட்டத்துக்குள் பசை போட்டு ஒட்டினால் அதோடு சரி. அமிலமில்லாத மெல்லிய தாளை மடிப்புகளுக்கு இடையே வைத்து, அட்டைப் பெட்டியில் தட்டையாக வையுங்கள். எண்கள் ஒன்றோடொன்று ஒட்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

எங்கே ஏலம் விடுவது? பெரிய ஏல நிறுவனம், விளையாட்டுப் பொருட்களுக்கான தனி ஏலத் தளம், பொதுவான இணையச் சந்தை, தொண்டு நிறுவனமே நடத்தும் விருந்து. விருந்து வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். அந்த அறையில் உங்கள் சட்டையின் அருமை தெரிந்தவர் ஒருவர் இருந்தால் அதிர்ஷ்டம், ஏலம் ஏற இரண்டு பேர் வேண்டும். தனி ஏலத் தளங்களில் அந்தக் கூட்டம் ஏற்கெனவே இருக்கிறது. பிரிட்டனில் நவம்பர் மாதங்களில் பாப்பிப் பூச் சின்னத்தோடு வீரர்கள் அணியும் சட்டைகள் முன்னாள் படைவீரர்களுக்கான ராயல் பிரிட்டிஷ் லீஜன் தொண்டு நிறுவனத்துக்காக இப்படித்தான் இணையத்தில் ஏலம் போகின்றன.

கட்டணத்தை முன்கூட்டியே கேளுங்கள். விற்பவரிடம் கமிஷன் ஒரு பக்கம், வாங்குபவரிடம் ஏலத் தொகைக்கு மேல் ஒரு சதவீதம் மறுபக்கம். இந்த இரண்டாவது பலருக்குத் தெரிவதில்லை. 25 சதவீதம் என்று வைத்துக்கொண்டால், 1,000-க்கு முடிந்த ஏலத்தில் வாங்குபவர் 1,250 கொடுப்பார், அந்த 250 தொண்டுக்கு வராது. அவரும் அதைக் கணக்குப் போட்டுத்தான் கேட்பார். நல்ல காரியம் என்றால் சிலர் குறைப்பார்கள், சிலர் முழுவதும் விட்டுவிடுவார்கள். கேட்காமல் யாரும் தரமாட்டார்கள்.

பணம் போகும் வழி சுத்தமாக இருக்க வேண்டும். அறிவிப்புக்கு முன்பே தொண்டு நிறுவனத்திடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள், பெயரையும் சின்னத்தையும் தன்னிஷ்டத்துக்குப் போட முடியாது. முடிந்தால் பணம் உங்கள் கணக்குக்கு வராமல் நேராக அவர்களிடமே போகட்டும். எவ்வளவு பங்கு என்பதையும் சொல்லிவிடுங்கள். 2022 உலகக் கோப்பையில் மெஸ்ஸி அணிந்த ஆறு சட்டைகள் 2023 டிசம்பரில் 78 லட்சம் டாலருக்குப் போனபோது, அரிய நோய்களால் பாதிக்கப்பட்ட குழந்தைகளுக்கான ஒரு பார்சிலோனா மருத்துவமனைத் திட்டத்துக்கு வருமானத்தின் 'ஒரு பகுதி' என்றுதான் அறிவிப்பு. நீங்கள் முழுவதையும் தருவதால் 'முழுவதும், கட்டணம் போக' என்றோ 'முழுவதும், கட்டணத்தை நானே ஏற்கிறேன்' என்றோ திட்டவட்டமாக எழுதலாம். இரண்டுக்கும் வித்தியாசம் உண்டு, பின்னால் கேள்வி வரும்.

வரி விஷயம் நாட்டுக்கு நாடு மாறும். அமெரிக்காவில், வாங்கியவர் பொருளின் சந்தை மதிப்புக்கு மேலே கொடுத்த தொகையை மட்டுமே நன்கொடையாகக் காட்டலாம். மொத்தத் தொகைக்கும் வரிவிலக்கு என்று நீங்களாக வாக்குக் கொடுக்காதீர்கள்.

ஆரம்ப விலையைக் குறைவாக வையுங்கள், இதற்குக் கீழே கொடுக்க மாட்டேன் என்ற ரிசர்வ் விலையைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். ஆரம்பமே உயரமாக இருந்தால் முதல் கை உயராது, முதல் கை உயராவிட்டால் இரண்டாவது கைக்கு வேலையில்லை. கடைசி நிமிடத்தில் யாராவது விலை கேட்டால் நேரம் தானாக நீளும் தளமாகப் பாருங்கள். 'ஒரு தரம், இரண்டு தரம்' சொல்ல ஆளில்லாத இணையத்தில் அதற்குப் பதில் இதுதான். அந்த அணியின் ரசிகர்கள் விழித்திருக்கும் வார இறுதி மாலையில் ஏலம் முடியட்டும். ஆட்டத்தின் ஆண்டு நிறைவையொட்டி வந்தால் இன்னும் நல்லது. அனுப்பும்போது முழுத் தொகைக்கும் காப்பீடு, பெறுபவரின் கையெழுத்து இரண்டும் கட்டாயம்.

ரிசர்வ் விலை வராமல் போனால் அடுத்த வாரமே மறுபடி போடாதீர்கள். போன தடவை யாரும் எடுக்காத சட்டை என்று எல்லாருக்கும் தெரியும். அதிகம் கேட்டவரிடம் தளத்தின் வழியாகவே பேசிப் பாருங்கள். அவரும் ஒத்துவரவில்லையென்றால் ஓராண்டாவது உள்ளே வைத்துவிட்டு, அதற்குள் அந்த ஆட்டத்தின் படம் ஒன்று கிடைக்கிறதா என்று தேடுங்கள்.