மூன்று நிறப் பூனை ஏன் பெட்டையாகவே இருக்கிறது? நாய், பூனைக் கேள்விகளுக்குக் கால்நடை மருத்துவரின் பதில்கள்

நாய், பூனை பற்றி என்ன வேண்டுமானாலும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். வந்ததில் பாதி உண்ணி, வயிற்றுப்போக்கு, தடுப்பூசித் தேதி. அவற்றுக்குத் தனியாகப் பதில் அனுப்பிவிட்டேன். மற்றவை இங்கே.

கேள்வி (மதுரை): எங்கள் தெருவில் வெள்ளை, கருப்பு, ஆரஞ்சு மூன்றும் கலந்த பூனைகள் நாலைந்து உண்டு. எல்லாமே பெட்டை. கடுவன் ஒன்றுகூட இல்லையே, தற்செயலா டாக்டர்?

பதில்: தற்செயல் இல்லை. ஆரஞ்சு நிறத்தைத் தீர்மானிக்கும் மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. கடுவனுக்கு ஒரே ஒரு எக்ஸ்தான். அதனால் அது ஆரஞ்சாக இருக்கும், இல்லாவிட்டால் கருப்பு வகையாக இருக்கும். இரண்டும் சேர வழியில்லை. பெட்டைக்கு இரண்டு எக்ஸ். ஒன்றில் ஆரஞ்சு, மற்றதில் கருப்பு என்று அமைந்துவிட்டால் வேடிக்கை ஆரம்பம். கருவாக இருக்கும்போதே ஒவ்வொரு செல்லும் அந்த இரண்டில் ஒன்றை அணைத்துவிடும். எதை அணைப்பது என்பதில் எந்த ஒழுங்கும் கிடையாது. ஆரஞ்சை அணைத்த செல் பெருகிய இடம் கருப்புத் திட்டு, கருப்பை அணைத்தது ஆரஞ்சுத் திட்டு. வெள்ளை மட்டும் வேறொரு மரபணுவின் வேலை.

இந்த அணைப்பு விஷயத்தை 1961இல் பிரிட்டனின் மேரி லயன் எலிகளை வைத்துச் சொன்னார். ஆனால் ஆரஞ்சு மரபணு எது என்பது அண்மையில்தான் பிடிபட்டது. அமெரிக்காவிலும் ஜப்பானிலும் இரண்டு குழுக்கள் தனித்தனியாகத் தேடி, 2025இல் ஒரே பதிலை வெளியிட்டன: எக்ஸ் குரோமோசோமில் சுமார் 5,000 டிஎன்ஏ எழுத்து நீளமுள்ள ஒரு துண்டு விடுபட்டிருந்தால் பூனை ஆரஞ்சு.

எனக்கு இதில் பிடித்தது குளோனிங் கதை. 2001 டிசம்பரில் டெக்சாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத்தில் உலகின் முதல் குளோன் பூனை பிறந்தது. பெயர் சிசி. அம்மாவின் வயிற்றில் வளரவில்லை, வாடகைத் தாய்தான். செல் கொடுத்த ரெயின்போ மூன்று நிறப் பூனை. சிசியிடமோ ஆரஞ்சு ஒரு துளிகூட இல்லை! எடுத்த செல்லில் ஆரஞ்சு ஏற்கெனவே அணைந்திருந்தது, அவ்வளவுதான். செத்துப்போன செல்லத்தை அச்சு அசலாகத் திரும்பப் பெறலாம் என்று பணத்தோடு வருகிறவர்களுக்கு நான் சொல்வது இந்தக் கதையைத்தான்.

கேள்வி (மதுரை, அதே வாசகர்): அப்படியானால் மூன்று நிறக் கடுவன் பிறக்கவே பிறக்காதா?

பதில்: அபூர்வமாகப் பிறக்கும். பெரும்பாலும் எக்ஸ் ஒன்று கூடுதலாக, இரண்டு எக்ஸ் ஒரு ஒய் என்று பிறந்தவை. அநேகமாக எல்லாமே மலடு. அதிர்ஷ்டப் பூனை என்று யாராவது பெரிய விலை சொன்னால் சிரித்துவிட்டு வந்துவிடுங்கள்.

கேள்வி (தென்காசி): தோட்டத்தில் களை பிடுங்கிப் போட்டேன். குப்பைமேனி வேரைக் கண்டதும் எங்கள் பூனை அதன்மேல் புரண்டு, நக்கி, கிறுக்குப் பிடித்ததுபோல் ஆகிவிட்டது. விஷமா அக்கா?

பதில்: பயப்படாதீர்கள், சொக்கிப் போயிருக்கிறது. வெளிநாட்டுக்காரர்கள் கேட்னிப் என்ற வேறொரு செடியைப் பொட்டலம் போட்டு விற்கிறார்கள், அதே சொக்கை நம் ஊர் வேலியோரக் குப்பைமேனி சும்மா தருகிறது. சித்த மருத்துவத்தில் குப்பைமேனிக்குப் பூனைவணங்கி என்றே இன்னொரு பெயர் உண்டு, நம் முன்னோர் கவனித்திருக்கிறார்கள். இலையைவிட, பிடுங்கிய வேர்தான் பூனையை இழுக்கும்.

கேட்னிப்பில் இருப்பது நெபட்டலாக்டோன் என்ற வாசனைப் பொருள். மூக்கு வழியாகத்தான் வேலை செய்யும். எல்லாப் பூனையும் மயங்காது. ஏறக்குறைய மூன்றில் ஒன்று திரும்பிக்கூடப் பார்க்காது, அது பிறவிக் குணம். சின்னக் குட்டிகளுக்கும் ஏறாது. ஏன் புரள்கின்றன என்பதற்கு 2021இல் ஜப்பானின் இவாத்தே பல்கலைக்கழகத்தார் நல்ல விடை சொன்னார்கள். அங்கே பூனைகளுக்குப் பிடித்த இன்னொரு செடியின் வாசனைப் பொருளைப் பூனைகள்மேல் சோதித்தார்கள். உடம்பில் சுகம் தரும் எண்டார்ஃபின் என்ற பொருள் கூடியது. அது மட்டுமல்ல, தேய்த்துக்கொண்ட பூனைகள்மேல் கொசு குறைவாக உட்கார்ந்தது. குப்பைமேனிக்கும் கொசு விரட்டும் குணம் உண்டா என்று யாராவது சோதித்தால் நன்றாக இருக்கும். எங்கள் வீட்டில் கொசுவுக்குப் பஞ்சமில்லை.

கேள்வி (ராஜபாளையம்): வெள்ளை ராஜபாளையம் குட்டி வாங்கினோம். கூப்பிட்டால் திரும்புவதில்லை. திமிரா, காது கேட்கவில்லையா?

பதில்: திமிர் என்று அடித்துவிடாதீர்கள். தோலுக்கும் முடிக்கும் நிறம் தரும் செல்கள்தான் உள்காதின் ஒரு பகுதியையும் பராமரிக்கின்றன. அந்தச் செல்கள் காதுவரை போய்ச் சேராவிட்டால், பிறந்த சில வாரங்களில் கேட்கும் நரம்புச் செல்கள் பட்டுப்போகும். டால்மேஷன் இன நாய்களில் இது பிரசித்தம். நம் ராஜபாளையத்திலும் சில குட்டிகள் செவிடாக இருக்கும். பூனையில் இன்னும் தெளிவு: வெள்ளை உடம்பும் இரண்டு நீலக் கண்ணும் இருந்தால் 65 முதல் 85 சதவீதம் வரை செவிடு. ஒரு கண் மட்டும் நீலமென்றால், காது போவது பெரும்பாலும் அந்தப் பக்கம்தான்.

குட்டி தூங்கும்போது பின்னால் நின்று சாவிக்கொத்தை ஆட்டிப் பாருங்கள். தரை அதிரக் கூடாது, காற்றும் படக் கூடாது. காது துடிக்கவில்லை என்றால் பரிசோதனைக்குக் கொண்டுபோங்கள். செவிட்டு நாயைக் கைச்சாடையிலேயே அழகாகப் பழக்கலாம். ஆனால் இனவிருத்திக்கு விடாதீர்கள்.

கேள்வி (தஞ்சாவூர்): எங்கள் நாய் தயிர்சாதத்திலேயே பன்னிரண்டு வருஷம் இருந்தது. பூனைக்கும் அதையே வைக்கிறேன். சரிதானே?

பதில்: நாய் தப்பித்ததற்குக் காரணம் உண்டு. மாவுச்சத்தைச் செரிக்கும் அமைலேஸ் மரபணு ஓநாய்க்கு இரண்டு பிரதி, நாய்க்கு 4 முதல் 30 வரை. ஸ்வீடன் ஆய்வாளர்கள் 2013இல் சொன்னது இது. மனிதன் போட்ட சோற்றைத் தின்று தின்றே நாய் மாறியிருக்கிறது. (அதற்காக வெறும் தயிர்சாதம் நல்ல சாப்பாடு என்று நான் சொல்லவில்லை.) பூனை அப்படி மாறவில்லை. அதற்கு டாரின் என்ற சத்து வேண்டும், அது மீனிலும் இறைச்சியிலும்தான் இருக்கிறது. குறைந்தால் கண்பார்வை போகும், இதயம் வீங்கும். மீன் தலையாவது சேருங்கள். இன்னொன்று, பூனைக்கு இனிப்பே தெரியாது. அந்தச் சுவையை உணரும் மரபணுக்களில் ஒன்று பழுது. உங்கள் ஐஸ்கிரீமை அது நக்குவது கொழுப்புக்காக.

கேள்வி (கோவை, ஏழாம் வகுப்பு): டாக்டர் ஆன்ட்டி, உலகத்திலேயே ரொம்ப வயசான நாயும் பூனையும் எது?

பதில்: பூனை, டெக்சாஸ் மாநிலத்தின் கிரீம் பஃப். 1967இல் பிறந்து 2005வரை, 38 வருஷம் 3 நாள். நாய், ஆஸ்திரேலியாவின் புளூயி, 29 வருஷம் 5 மாதம். போர்ச்சுகலின் போபி 31 வருஷம் இருந்ததாக 2023இல் கின்னஸ் பட்டம் கொடுத்தது. வயதுக்குச் சான்று போதவில்லை என்று 2024இல் திரும்ப எடுத்துக்கொண்டது. உன் ஸ்கூல் புத்தகத்தில் போபி இருந்தால் டீச்சரிடம் சொல்லிவிடு.

கேள்வி (ஈரோடு): வெளிக்கிருக்கும் முன் நாய் ஏன் சுற்றிச் சுற்றி வருகிறது?

பதில்: செக், ஜெர்மன் ஆய்வாளர்கள் 70 நாய்களின் 1,893 தடவைகளைத் திசைகாட்டியோடு நின்று குறித்தார்கள். பூமியின் காந்தப்புலம் அமைதியாக இருக்கும் நேரத்தில் நாய்கள் வடக்கு தெற்காக உட்கார விரும்புகின்றனவாம். 2014இல் இக் நோபல் பரிசும் (முதலில் சிரிக்கவும் பிறகு சிந்திக்கவும் வைக்கும் ஆராய்ச்சிகளுக்குத் தருவது) கிடைத்தது. எனக்கு முழு நம்பிக்கை வரவில்லை, ஆனால் அவர்களுடைய பொறுமைக்குக் கும்பிடு.

கேள்வி (சென்னை): மாடியிலிருந்து விழுந்தாலும் பூனை காலில்தான் விழுமாமே. பால்கனிக்கு வலை தேவையா?

பதில்: தேவை. இடுப்பை வளைத்து, முன்பாதியை முதலிலும் பின்பாதியை அடுத்தும் திருப்பிக் காலில் இறங்கும் என்பது உண்மை. 1894இலேயே பிரான்சில் மாரே என்ற விஞ்ஞானி அதை வரிசையாகப் படம் பிடித்தார். 1987இல் நியூயார்க் மருத்துவர்கள் எழுதிய கட்டுரையில், மாடியிலிருந்து விழுந்து சிகிச்சைக்கு வந்த 132 பூனைகளில் 90 சதவீதம் பிழைத்தன. இதை வைத்துத்தான் எல்லாரும் தைரியம் சொல்கிறார்கள். விழுந்த இடத்திலேயே செத்த பூனையை யார் ஆஸ்பத்திரிக்குத் தூக்கி வருவார்கள்? பிழைத்தவற்றிலும் தாடையும் நெஞ்சும் அடிபட்டவை ஏராளம்.

கேள்வி (சேலம்): பூனைக்கு உடம்பு சுடுகிறது. அரை பாராசிட்டமால் கொடுக்கலாமா?

பதில்: கூடவே கூடாது. இனிப்பு மரபணுபோல, இந்த மருந்தை முறிக்கும் மரபணுவும் பூனையிடம் பழுது. அரை மாத்திரையே உயிரை எடுக்கலாம். பூனையின் உடம்பு இயல்பிலேயே 38, 39 டிகிரி இருக்கும், நம் கைக்குச் சூடாகத்தான் தெரியும். ஏற்கெனவே கொடுத்திருந்தால் இதைப் படித்துக்கொண்டிருக்காமல் இப்போதே மருத்துவரிடம் கிளம்புங்கள். மாத்திரை அட்டையையும் கையோடு எடுத்துப் போங்கள்.