செங்கடலுக்குள் போகமாட்டேன் என்று என் மகன் சொல்லலாமா?

கேள்வி: சேர், நாங்கள் புதுக்குடியிருப்புப் பக்கம். மகனுக்கு 24 வயது. கொழும்பில் ஒரு ஏஜென்சி மூலம் கப்பலுக்குப் போய் நாலு மாதம் ஆகிறது. ஓ.எஸ். (சாதாரண மாலுமி) வேலை, ஒன்பது மாத ஒப்பந்தம், லைபீரியக் கொடி போட்ட சரக்குக் கப்பல். ஏஜென்சிக்கு ஆறு இலட்சம் கொடுத்தோம், என் சங்கிலி இன்னும் அடகில் கிடக்கிறது. கப்பல் இப்போது இந்தியாவில் முந்திராத் துறைமுகத்தில் நிற்கிறது, அடுத்தது ஜித்தா என்கிறார்கள். "என் சொந்த விருப்பத்தில் செங்கடல் வழியாக வருகிறேன், என்ன நடந்தாலும் கொம்பனியிடம் எதுவும் கேட்கமாட்டேன்" என்று ஒரு கடிதத்தில் எல்லாரிடமும் கையெழுத்துக் கேட்கிறார்களாம். மாட்டேன் என்றால் விமான ரிக்கெற் காசு சம்பளத்தில் கழியும், பெயர் கறுப்புப் பட்டியலுக்குப் போகும், இனி எந்தக் கப்பலும் கிடைக்காது என்று ஏஜென்சிக்காரர் சொல்கிறார். கப்பல் எங்கே நிற்கிறது என்று போனில் ஒரு புள்ளி காட்டும், அதைப் பார்த்துக்கொண்டுதான் நான் படுப்பது. போன கிழமை ஒரு நாள் முழுக்கப் புள்ளியே இல்லை. நான் என்ன செய்ய வேண்டும்?

பதில்: அம்மா, முதலில் அவசரமானதைச் சொல்லிவிடுகிறேன். அந்தக் கடிதத்தில் மகன் கையெழுத்துப் போட வேண்டாம். இன்றைக்கே வட்ஸ்அப்பில் சொல்லுங்கள். போட்டே ஆகவேண்டும் என்று நெருக்கினால், "வாசித்தேன், பிரதி பெற்றுக்கொண்டேன், சம்மதிக்கவில்லை" என்று ஆங்கிலத்தில் தன் கையாலேயே எழுதி, திகதி போட்டு, அதற்குக் கீழே கையெழுத்து வைக்கட்டும். படம் எடுத்து உங்களுக்கு அனுப்பட்டும். கப்பலில் இருக்கும் கடதாசி எந்த நேரத்தில் காணாமல் போகும் என்று சொல்ல முடியாது, உங்கள் போனில் இருக்கும் படம் போகாது.

போர் நடக்கும் கடலுக்குள் ஒரு கப்பல் வந்து மாட்டினால் எப்படி இருக்கும் என்று வன்னிக்காரருக்கு நான் பாடம் எடுக்கத் தேவையில்லை. 2006 டிசெம்பரில் அரிசி ஏற்றிக்கொண்டு போன ஃபாரா 3 என்ற ஜோர்தான் கப்பல் எந்திரம் நின்று முல்லைத்தீவுக் கரையில் தட்டியது. அதன் துருப்பிடித்த உடல் முள்ளிவாய்க்கால் கரையில் ஆண்டுக்கணக்கில் கிடந்ததை உங்கள் ஊரில் பார்க்காதவர்கள் குறைவு. அந்த மாலுமிகள் நம்முடைய போருக்கு வந்தவர்கள் இல்லை, காற்றும் கடலும் கொண்டுவந்து விட்டவர்கள். உங்கள் மகனைக் கொண்டுபோவது காற்று இல்லை, கொம்பனியின் பயணத் திட்டம். அதனால்தான் அவனுடைய சம்மதம் என்ற கேள்வி வருகிறது.

சரி, மறுக்க உரிமை இருக்கிறதா? இருக்கிறது, ஆனால் அது எங்கே எழுதியிருக்கிறது என்பதைப் பொறுத்து அதன் பலம் மாறும். கடலில் வேலை செய்பவர்களின் சட்டத்துக்கு அடித்தளம் கடல்சார் தொழிலாளர் சமவாயம், 2006. அதை முதன்முதலில் ஏற்ற நாடே உங்கள் மகனின் கப்பல் கொடி போட்டிருக்கும் லைபீரியாதான். இலங்கை 2017 இல் ஏற்றது. கப்பல் போர் வலயத்துக்குப் போகிறது, அங்கே போக மாலுமிக்குச் சம்மதம் இல்லை என்றால், அவரை ஊருக்கு அனுப்புவதும் அதன் செலவும் கப்பல் சொந்தக்காரரின் பொறுப்பு என்று அந்தச் சமவாயம் சொல்கிறது. ஆனால் அந்த வரி இருப்பது கட்டாய விதிகளில் இல்லை, வழிகாட்டல்களில். எது போர் வலயம் என்பதையும் நாட்டுச் சட்டமோ வேலை ஒப்பந்தமோ சொல்ல வேண்டும் என்று விட்டிருக்கிறது. ஆகவே பல் இருப்பது ஒப்பந்தத்தில்தான். மகனிடம் கையெழுத்திட்ட மூலப்பிரதி ஒன்று இருக்க வேண்டும், அது கட்டாய விதி. அதில் "போர்", "அதிஅபாயப் பகுதி" என்ற சொற்கள் வரும் பக்கங்களைப் படமெடுத்து எனக்கு அனுப்பச் சொல்லுங்கள்.

கப்பலில் ஐ.ரி.எஃப். (சர்வதேசப் போக்குவரத்துத் தொழிலாளர் சம்மேளனம்) ஒப்புக்கொண்ட கூட்டு உடன்படிக்கை, அதாவது தொழிற்சங்கமும் கொம்பனியும் செய்துகொண்ட உடன்படிக்கை, இருக்கிறதா என்றும் பார்க்கட்டும். இருந்தால் அதன் பிரதி கப்பலிலேயே கிடைக்க வேண்டும். இது ஏன் முக்கியம் என்றால், தொழிற்சங்கங்களும் கப்பல் முதலாளிமாரும் சேர்ந்து பேசும் ஐ.பி.எஃப். என்ற அமைப்பு, யேமனின் ஹூதி ஆயுதக்குழு செங்கடலில் கப்பல்களைத் தாக்கத் தொடங்கியபிறகு அந்தக் கடலின் தென்பகுதியைப் போர்சார் பகுதி என்று வகைப்படுத்தியது. அந்த உடன்படிக்கைக்குள் வரும் கப்பலில் உள்ளவர் அங்கே போக மறுக்கலாம். கொம்பனி செலவில் ஊர் திரும்பலாம், இரண்டு மாத அடிப்படைச் சம்பளம் நட்டஈடாகவும் கிடைக்கும். போகச் சம்மதிப்பவருக்கு அங்கே நிற்கும் நாட்களுக்கு அடிப்படைச் சம்பளத்துக்குச் சமமான மேலதிகத் தொகை, மரணத்துக்கும் ஊனத்துக்கும் இரட்டிப்பு நட்டஈடு. பகுதியின் எல்லைகள் அவ்வப்போது மாறும், பயண நாளில் எது நடைமுறையில் இருக்கிறது என்பதைக் கப்டனிடம் கேட்க வேண்டும். உங்கள் மகனின் கப்பல் இந்த உடன்படிக்கைக்குள் வந்தால், கொம்பனி கேட்கும் கடிதத்தின் அர்த்தம் உங்களுக்கே விளங்கும்: இத்தனையையும் ஒரு கையெழுத்தில் வாங்கிக்கொள்ளப் பார்க்கிறார்கள்.

மறுப்பதானால் எப்போது என்பது எப்படி என்பதைவிடப் பெரிய விஷயம். முந்திராவில் கப்பல் கட்டியிருக்கும்போதே மறுக்க வேண்டும். எழுத்தில், கப்டனுக்கு, மரியாதையான நாலு வரியில். செங்கடலுக்குப் போகும் வழியிலுள்ள ஏடன் வளைகுடாவுக்குள் போனபின் "நான் காவலுக்கு நிற்கமாட்டேன்" என்று சொன்னால் அது மறுப்பு இல்லை, கட்டளையை மீறுவது. அப்போது கொம்பனி பக்கம் சட்டம் சாய்ந்துவிடும். முந்திராவில் கொம்பனி காது கொடுக்காவிட்டால், இந்தியாவும் அந்தச் சமவாயத்தை ஏற்ற நாடு. துறைமுகத்தில் கப்பல்களைச் சோதிக்கும் அதிகாரியிடம் மகன் நேரடியாக முறையிடலாம், முறையிட்டவர் யார் என்பதை அவர்கள் வெளியே சொல்லக் கூடாது.

ரிக்கெற் காசு பற்றி ஏஜென்சிக்காரர் சொன்னது வெருட்டல். ஊர் திரும்பும் செலவைச் சம்பளத்தில் கழிப்பது, மாலுமி பாரதூரமான தவறு செய்ததாக முறைப்படி கண்டால் மட்டுமே நடக்கும். உரிமை இருந்து மறுப்பது தவறு ஆகாது. கறுப்புப் பட்டியல் கதையும் அப்படியே: தகுதி உள்ள ஒருவர் வேலை எடுப்பதைத் தடுக்கும் பட்டியல் வைத்திருப்பதை அதே சமவாயம் தடைசெய்கிறது. நடைமுறையில் வாய்ப்பேச்சில் பெயரைக் கெடுப்பார்கள் என்பதை நான் மறைக்கவில்லை. அதனால்தான் அந்த வெருட்டலை அவர் குரல் பதிவாக அனுப்பியிருந்தால் அழிக்காமல் வையுங்கள் என்கிறேன்.

ஆறு இலட்சத்துக்கு வருகிறேன். வேலை எடுத்துத் தருவதற்காக மாலுமியிடம் காசு வாங்கவே கூடாது. மருத்துவச் சான்றிதழ், சீ.டி.சி. என்ற மாலுமிப் புத்தகம், கடவுச்சீட்டு போன்றவற்றின் செலவு மட்டும் மாலுமியுடையது. விசாச் செலவுகூடக் கப்பல் சொந்தக்காரருடையது. பற்றுச்சீட்டு தந்திருக்கமாட்டார்கள், அது தெரிந்த கதை. வங்கியில் போட்ட துண்டு, காசு கொடுக்கப் போனபோது கூட வந்தவர், அடகுக் கடைச் சீட்டின் திகதி, எல்லாவற்றையும் ஒரு சத்தியக் கடதாசியில் எழுதி, கொழும்பிலுள்ள வணிகக் கப்பற்றுறைச் செயலகத்துக்கு முறைப்பாடு அனுப்பலாம். மாலுமிகளைச் சேர்க்கும் ஏஜென்சிகளுக்கு அனுமதி கொடுப்பது அவர்கள்தான். அனுமதியே இல்லாத ஏஜென்சி என்றால் பொலிசில் மோசடி முறைப்பாடும் போடலாம். மகன் கப்பலில் இருக்கும்போதே போடுவதா, இறங்கியபின் போடுவதா என்பதை அவனிடம் கேட்டு முடிவு செய்யுங்கள். என்னைக் கேட்டால் இறங்கியபின்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்ல வேண்டும். கப்பலில் பாதுகாப்பு இருக்கிறது, ஆயுதக் காவலர் வருகிறார்கள் என்று மகனுக்குத் தைரியம் சொல்லியிருப்பார்கள். 2004 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும், கப்பல்களினதும் துறைமுகங்களினதும் பாதுகாப்புக்கான ஐ.எஸ்.பி.எஸ். என்ற சர்வதேசக் கோவையின்படி, 500 தொன்னுக்கு மேற்பட்ட சர்வதேசச் சரக்குக் கப்பல் ஒவ்வொன்றிலும் பாதுகாப்புத் திட்டமும் அதற்குப் பொறுப்பான அதிகாரியும் இருக்க வேண்டும். அபாயத்தைப் பொறுத்து மூன்று மட்டங்கள், சத்தமே போடாமல் கரைக்குச் செய்தி அனுப்பும் எச்சரிக்கைப் பொத்தான், ஏறும் இடங்களில் காவல். நல்ல ஏற்பாடு, ஏணி போட்டு ஏறுபவனைத் தடுக்கும். ஏவுகணையைத் தடுக்காது. 2024 மார்ச்சில் ஏடன் வளைகுடாவில் தாக்கப்பட்ட ட்ரூ கொன்ஃபிடன்ஸ் கப்பலில் மூன்று ஆயுதக் காவலர்கள் இருந்தார்கள், அவர்களில் இருவர் இலங்கையர். அப்படியிருந்தும் மூன்று மாலுமிகள் செத்தார்கள். 2025 ஜூலையில் ஒரே கிழமைக்குள் மேஜிக் சீஸ், எட்டர்னிட்டி சி என்ற இரண்டு கப்பல்கள் செங்கடலில் மூழ்கடிக்கப்பட்டன. இரண்டும் உங்கள் மகன் நிற்பதைப் போன்ற சரக்குக் கப்பல்கள், இரண்டிலும் லைபீரியக் கொடி.

பிடித்துவைத்தால் சம்பளம் என்னாகும் என்பதிலும் ஒரு குழி இருக்கிறது. கடல்சார் தொழிலாளர் சமவாயத்துக்கு 2020 டிசெம்பரில் நடைமுறைக்கு வந்த திருத்தத்தின்படி, கடற்கொள்ளையர் மாலுமியைப் பிடித்து வைத்திருக்கும் காலம் முழுவதும் ஒப்பந்தம் உயிரோடு இருக்கும், வீட்டுக்கு அனுப்பும் பணமும் தொடர்ந்து வரவேண்டும். 2017 மார்ச்சில் எட்டு இலங்கையரோடு சோமாலியக் கரைக்குக் கொண்டுபோகப்பட்ட ஆரிஸ் 13 போன்ற சம்பவத்துக்கு இது நேராகப் பொருந்தும். (அவர்கள் மூன்று நாளில் வந்துவிட்டார்கள்.) ஆனால் சட்டத்தில் கடற்கொள்ளை என்றால் சொந்த இலாபத்துக்குச் செய்வது. ஹூதிகள் அரசியல் காரணம் சொல்லிப் பிடிக்கிறார்கள். கலக்ஸி லீடர் கப்பலின் 25 பேரை 2023 நவம்பரிலிருந்து 2025 ஜனவரி வரை வைத்திருந்தார்கள். அதைக் கடற்கொள்ளை என்று ஒரு காப்புறுதிக் கொம்பனி ஒப்புக்கொள்ளுமா? வாதாடலாம், ஆனால் வழக்கு முடியும்வரை உங்கள் அடுப்பு எரிய வேண்டுமே. மகன் போவதாக முடிவெடுத்தால், "எந்தத் தரப்பு எக்காரணத்துக்காகத் தடுத்துவைத்தாலும் சம்பளம் தொடரும்" என்ற வாசகத்தைக் கொம்பனியிடமிருந்து எழுத்தில் வாங்கட்டும். ஒரு மின்னஞ்சல் போதும்.

ஆம், போவதாக அவன் முடிவெடுக்கலாம். சட்டம் கேட்பது அவனுடைய சம்மதத்தை, உங்களுடையதை இல்லை. நகை அடகில் கிடக்கிறது என்று அவனிடம் திரும்பத் திரும்பச் சொல்லாதீர்கள் அம்மா, அதுவும் ஒருவகை நெருக்குதல்தான்.

கப்பலில் ஏறும்போது நிரப்பிய உரித்தாளர் படிவத்தில் யாருடைய பெயர் இருக்கிறது என்று மகனிடம் கேளுங்கள். இறந்துபோன, அல்லது காணாமல் போன தகப்பனின் பெயரைப் பழக்கத்தில் எழுதிவிட்ட பிள்ளைகளை வன்னியில் நான் பார்த்திருக்கிறேன். பிறகு அந்தக் குடும்பம் மரணச் சான்றிதழுக்கு அலைந்தது வேறு கதை. உங்கள் பெயர் இருந்தால், அடையாள அட்டையிலும் வங்கிப் புத்தகத்திலும் உள்ள அதே ஆங்கில எழுத்துகளில் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

அந்தப் புள்ளி. கப்பல் தன் இடத்தை அறிவிக்கும் கருவி ஏ.ஐ.எஸ். அதை நிறுத்தாவிட்டால் கப்பலுக்கு ஆபத்து என்று கப்டன் கருதினால் நிறுத்திவைக்க அவருக்கு அதிகாரம் உண்டு. கருவி ஓடினாலும் கரையிலிருந்து தூரப் போனால் இலவசச் செயலிகளில் புள்ளி தெரியாமல் போவது சாதாரணம். அதனால் புள்ளி மறைந்தவுடன் ஏதோ நடந்துவிட்டது என்று எடுக்காதீர்கள். கொம்பனியின் அவசர இலக்கத்தை மகனிடம் இப்போதே வாங்கி எழுதிவையுங்கள். கப்பல் எங்கே, எப்போது எந்த வழியால் போகிறது என்பதை முகநூலிலோ கோயில் வட்ஸ்அப் குழுவிலோ, நேர்த்திக்காகக்கூட, போடாதீர்கள்.